பழைய பிளக்கைத் தூக்கிப் போடாதே

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடி நடக்க ஆரம்பித்துவிட்டாய் என்பதில் ரொம்ப சந்தோஷம். பேத்தி பேசத் தொடங்கிய சேதியை ஒரே வரியில் முடித்துவிட்டு, கார் திணறுவதைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறாய். நீ மாறவே இல்லை. இங்கே எல்லோரும் சௌக்கியம். எனக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நீலம் இவ்வளவு நீலமாக இருக்கும் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது.

சரி, காருக்கு வருவோம். காலையில் ஸ்டார்ட் செய்தால் குலுங்குகிறது, மேட்டில் இழுக்க மாட்டேன் என்கிறது, பெட்ரோலும் முன்பைவிட அதிகம் பிடிக்கிறது என்கிறாய். பட்டறையில் நாலு ஸ்பார்க் பிளக் (சிலிண்டருக்குள் பெட்ரோலுக்குப் பொறி வைப்பது), நாலு காயில் (அந்தப் பொறிக்கு உயர் வோல்டேஜ் கொடுப்பது) எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றிவிடலாம் என்றார்களாம். பிளக்கை நாமே வீட்டில் மாற்றலாமா என்று கேட்கிறாய். தாராளமாக மாற்றலாம். ஆனால் கூலி மிச்சமாகும் என்பதற்காக நான் அதைச் சொல்லவில்லை. பட்டறையில் கழற்றினால் பழைய பிளக்குகள் நேரே குப்பைக்குப் போய்விடும். சிலிண்டருக்குள் என்ன நடக்கிறது என்று உள்ளேயே இருந்து பார்த்த சாட்சிகள் அவைதான். விசாரிக்காமலேயே சாட்சியை அனுப்பிவிட்டால் எப்படி?

அதற்கு முன்னால் ஒன்று. இன்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் பதறாதே, சீக்கிரம் பார்த்துக்கொள்ளலாம். விட்டு விட்டு மின்னினால் மட்டும் வண்டியை ஓட்டாதே. ஏதோ ஒரு சிலிண்டரில் தீப்பிடிக்காத பெட்ரோல் அப்படியே வெளியே போய், புகைபோக்கிப் பாதையில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் (புகையைச் சுத்தம் செய்யும் பாகம்) எரியும். அது பழுதானால் வரும் செலவுக்கு முன்னால் பிளக் எல்லாம் ஒரு விஷயமே இல்லை.

பிளக் தேய்வதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி. நிமிஷத்துக்கு 3,000 சுற்று ஓடினால் ஒவ்வொரு பிளக்கும் வினாடிக்கு 25 முறை, மணிக்கு 90,000 முறை பொறி விடுகிறது. ஒவ்வொரு தடவையும் முனையில் இம்மியளவு உலோகம் அரித்துப் போகிறது. இரண்டு முனைகளுக்கும் நடுவே உள்ள இடைவெளி அகல அகல, பொறி தாவ அதிக வோல்டேஜ் தேவைப்படும். அந்தச் சுமை முழுக்கக் காயில் தலையில்தான் விழுகிறது. பிளக்கை மாற்றாமல் இழுத்தடித்தே காயிலைச் சாகடிப்பவர்கள் உண்டு. சாதாரண நிக்கல் பிளக் 30,000 முதல் 40,000 கிலோமீட்டர் வரை வரும். இரிடியம், பிளாட்டினம் முனை வைத்தவை ஏறக்குறைய 1,00,000 வரை தாங்கும். உன் வண்டிக்கு எது, எப்போது என்பது கையேட்டில் இருக்கும்.

நீ சரித்திரப் பிரியன் என்பதால் சொல்கிறேன். 1860-இல் லெனுவார் செய்த கேஸ் இன்ஜினிலேயே மின்பொறிதான் தீ வைத்தது. அதிவேக இன்ஜினுக்கு ஈடுகொடுத்தது 1902-இல் பாஷ் நிறுவனத்தில் கோட்லோப் ஹோனோல்ட் உருவாக்கிய உயர் அழுத்த மேக்னட்டோவும் (பொறிக்கான மின்சாரத்தைத் தானே உண்டாக்கும் கருவி) அதோடு வந்த பிளக்கும். இன்றைய பிளக்கை அவரிடம் கொடுத்தால் அடையாளம் கண்டுகொள்வார் என்றுதான் நினைக்கிறேன்.

இன்ஜின் நன்றாக ஆறட்டும். பிளக் திருகியிருக்கும் ஹெட் (இன்ஜினின் மேல்பகுதி) அலுமினியம். சூட்டோடு கழற்றினால் மரை போய்விடும், அப்புறம் அது பெரிய வேலை. காயிலின் கனெக்டரைக் கழற்றும்போது வயரைப் பிடித்து இழுக்காதே. பல வருஷம் சூட்டில் வெந்த பிளாஸ்டிக், பூட்டு பொட்டென்று உடையும். போல்ட்டை எடுத்துவிட்டு, காயிலை இடமும் வலமும் லேசாகத் திருகி மேலே தூக்கு. பிளக் உட்கார்ந்திருக்கும் குழியில் மண்ணும் தூசியும் இருக்கும். பிளக்கைத் தொடும் முன் அதைக் காற்றால் ஊதிவிடு, இல்லாவிட்டால் அத்தனையும் சிலிண்டருக்குள் விழும். சாக்கெட் பெரும்பாலும் 16 மி.மீ., பழைய வண்டிகளில் 21. உள்ளே ரப்பரோ காந்தமோ உள்ள பிளக் சாக்கெட்டாகப் பார்த்து வாங்கு. முரண்டு பிடித்தால் கொஞ்சம் எண்ணெய் விட்டுக் காத்திரு, முன்னும் பின்னுமாக அசைத்து எடு. முக்கியமாக, ஒவ்வொன்றாக மாற்று. உன்னுடையது நாலு சிலிண்டர்தான், எல்லாம் மேலேயே இருக்கிறது. குறுக்கே வைத்த வி6 இன்ஜினாக (ஆறு சிலிண்டர், இரண்டு வரிசை) இருந்தால் பின்வரிசைப் பிளக்குக்காக மேலே உள்ள மேனிஃபோல்டையே (இன்ஜினுக்குக் காற்று கொண்டுவரும் குழாய்த் தொகுதி) கழற்ற வேண்டி வரலாம். அப்படியிருந்தால் பட்டறைக்கே போ என்றுதான் சொல்லியிருப்பேன்.

இனிதான் நான் சொல்ல வந்த விஷயம். ஒரு வெள்ளைத் தாளில் 1 முதல் 4 வரை எழுதி, கழற்றிய பிளக்குகளை அந்தந்த எண்ணுக்கு நேராக வை. பகல் வெளிச்சத்தில் பார். பீங்கான் முனை சாம்பலாகவோ வெளிர் பழுப்பாகவோ இருந்தால் அந்த சிலிண்டர் நன்றாக இருக்கிறது, பிளக் வயசாகித் தேய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். உலர்ந்த கரி படிந்து, தொட்டால் விரலில் ஒட்டினால் பெட்ரோல் அதிகம் அல்லது காற்று குறைவு, ஏர் ஃபில்டரைப் பார். நீ பக்கத்துத் தெரு வரைக்கும்தான் வண்டி எடுக்கிறாய் என்றால் அதுவே காரணமாக இருக்கலாம். பிளக் முனை 450, 500 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் தன் மேல் படிந்த கரியைத் தானே எரித்துக்கொள்ளும். சின்ன ஓட்டத்தில் அந்தச் சூட்டுக்குப் போவதற்குள் நீ வீட்டுக்கு வந்துவிடுவாய்.

கறுப்பாக, ஈரமாக, பிசுபிசுப்பாக இருந்தால் இன்ஜின் ஆயில் உள்ளே வருகிறது, பிஸ்டன் ரிங்கோ வால்வ் சீலோ போயிருக்கும். புது பிளக் போட்டால் கொஞ்ச நாள் ஓடும், மறுபடி அதே கதைதான். ஆனால் முனை சுத்தமாக இருந்து, குழியில் மட்டும் ஆயில் தேங்கியிருந்தால் பயப்படாதே. அது வால்வ் கவரின் சீல், சின்ன வேலை. முனை சுண்ணாம்பாக வெளுத்துக் கொப்புளம் கட்டியிருந்தால்தான் எனக்குக் கவலை. எங்கோ காற்று கசிகிறது அல்லது வண்டிக்குப் பொருந்தாத பிளக் போட்டிருக்கிறார்கள். வெளியே தெரியும் பீங்கானில் உலோகத்தை ஒட்டிப் பழுப்பு வளையம் இருந்தால் விட்டுவிடு, உயர் வோல்டேஜ் படிய வைத்த கறை அது. அதே பீங்கானில் மேலிருந்து கீழே மெல்லிய கறுப்புக் கோடு ஓடினால் பொறி வெளிப்பக்கமாக ஓடியிருக்கிறது என்று அர்த்தம். அந்தக் காயிலின் ரப்பர் உறையையும் மாற்ற வேண்டும்.

ஒவ்வொரு நிறத்தையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது ஒப்பீடுதான். நாலும் ஒரே மாதிரி கறுத்திருந்தால் குறை எல்லாவற்றுக்கும் பொதுவான இடத்தில் இருக்கிறது. மூன்று நன்றாக இருந்து ஒன்று மட்டும் மாறியிருந்தால் குறை அந்த சிலிண்டரில். நாலு காயிலையும் மாற்று என்று சொன்னவர் இதைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாரா?

புது பிளக்கைக் கையேட்டில் போட்ட எண்ணுக்கே வாங்கு. கடைக்காரர் வேறு கம்பெனி கொடுத்தால் எண்ணை நீயாக ஊகிக்காதே. என்ஜிகே கம்பெனி பிளக்கில் வெப்ப எண் ஏற ஏற பிளக் குளிர்ந்த வகை, அதாவது சூட்டைச் சீக்கிரம் வெளியேற்றுவது; பாஷில் நேர் எதிர். இடைவெளியை ஒரு தடவை அளந்து பார், பெரும்பாலும் 0.7 முதல் 1.1 மி.மீ.க்குள் இருக்கும். இரிடியம் முனை ஊசி மாதிரி மெலிசு, அதில் எதையும் நுழைத்து நெம்பாதே. கீழே விழுந்த பிளக்கை, பார்க்க நன்றாக இருந்தாலும், போடாதே.

பிளக்கின் தலையில் ஒரு துண்டு ரப்பர் குழாயை மாட்டி, விரலாலேயே மரையில் ஏற்று. கோணலாக ஏறினால் குழாய் வழுக்கும், மரை தப்பிக்கும். அடி வரை கையாலேயே வந்த பிறகுதான் ராட்செட். வாஷர் வைத்த 14 மி.மீ. பிளக்குக்கு அலுமினிய ஹெட்டில் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 12 மி.மீ.க்கு 15 முதல் 20. இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாவிட்டால் எத்தனை சுற்று என்று பிளக் பெட்டியிலேயே போட்டிருக்கும், அதைப் பார். நம்முடைய கைக்கு எதையும் இறுக்கித் தள்ளிவிடும் பழக்கம். ரொம்பத் தளர்வாக விட்டாலும் பிளக்கின் சூடு ஹெட்டுக்கு இறங்காது. மரையில் கிரீஸ் தடவச் சிலர் சொல்வார்கள். முலாம் பூசிய இன்றைய பிளக்குகளுக்கு அது வேண்டாம், வழுக்கலில் தேவைக்கு மேல் இறுகிவிடும்.

இத்தனைக்குப் பிறகும் குலுங்கினால், ஓபிடி ரீடர் (காரின் கம்ப்யூட்டர் பதிந்த பிழை எண்ணைப் படிக்கும் கருவி) ஒன்றைக் கடன் வாங்கி மாட்டிப் பார். பி0302 என்று வந்தால் இரண்டாவது சிலிண்டர் சரியாகத் தீப்பிடிக்காமல் மிஸ் ஆகிறது. அதன் காயிலை மூன்றாவதோடு மாற்றி மாட்டி ஓட்டு. பிழை எண் பி0303 ஆக மாறினால் அந்தக் காயில்தான் குற்றவாளி, அதை மட்டும் வாங்கு. மாறாவிட்டால் காயிலுக்குக் காசு கொடுக்காதே. தாளில் வைத்த பிளக்குகளைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு, சேர்ந்து யோசிப்போம்.

அன்புடன்,
சேகர்