கேட்டுவிட்டு எடுங்கள்: சாப்பாட்டு வீடியோ போடும் தம்பி தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி, தங்கைகளுக்கு,

வணக்கம். கும்பகோணத்திலிருந்து எழுதுகிறேன். மோட்டாருக்குக் காயில் (உள்ளே சுற்றும் செம்புக் கம்பிச் சுருள்) கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். உங்கள் வீடியோக்களை ராத்திரி சாப்பிட்டுப் படுத்ததும் பார்க்கிறவன்தான் நான். பார்க்காமலேயே குறை சொல்கிற ஆள் என்று நினைத்துவிடாதீர்கள், அதற்காகத்தான் இதை முதலில் சொல்கிறேன்.

போன மாதம் எங்கள் பக்கத்துத் தெரு இட்லிக் கடை வீடியோவில் வந்ததும், அதைப் பார்த்து இன்னும் ஏழெட்டுப் பேர் வந்து எடுத்ததும் உங்களுக்குத் தெரியும். எத்தனை லட்சம் பேர் பார்த்தார்கள் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகவே தெரியும். யார் பெயரையும் எழுதப் போவதில்லை. கடைப் பெயரையும் எழுத முடியாது, அதற்குப் பெயரே கிடையாது, போர்டும் கிடையாது. வீட்டு முன்கட்டில் இரண்டு பெஞ்சு, ஒரு மண்ணெண்ணெய்க் காலத்து மேசை, உள்ளே அக்கா. அவ்வளவுதான் கடை.

நான் கேட்க வந்தது ஒன்றுதான். இந்த மாதிரி ஒரு சின்னக் கடையை எடுப்பதற்கு முன்னால் கடைக்காரரிடம் கேளுங்கள். கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு "எடுத்துக்கலாமாக்கா" என்று சிரித்தபடி கேட்பதைச் சொல்லவில்லை. அப்படிக் கேட்டால் எங்கள் ஊரில் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள், வாசலுக்கு வந்தவரிடம் முகத்தை முறித்துப் பேசிப் பழக்கமில்லை. "இது வெளியே வந்தால் ஞாயிற்றுக்கிழமை இருநூறு பேர் வந்து நிற்பார்கள், உங்களால் போட முடியுமா, உங்களுக்கு அது வேண்டுமா, இடத்தைச் சொல்லலாமா, போன் நம்பர் போடலாமா" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுங்கள்.

அந்தக் கடையில் தினமும் சாப்பிடுகிறவர்கள் ஐம்பது அறுபது பேர். விடிகாலையில் தாராசுரம் மார்க்கெட்டில் மூட்டை இறக்கிவிட்டு வருகிறவர்கள், தெருக் கூட்டும் பெண்கள், பூக்கட்டும் ஒரு அம்மா, பாத்திரப் பட்டறைக்காரர்கள், நான். அக்கா முதல் நாள் மத்தியானம் அரிசியும் உளுந்தும் ஊறப்போட்டு, சாயங்காலம் அரைத்து, ராத்திரி முழுக்கப் புளிக்கவிட்டு, காலை ஆறரைக்கு முதல் ஈடு எடுப்பார். ஒன்பதுக்குள் மாவு தீர்ந்துவிடும், கடையைக் கழுவிவிடுவார். வியாழக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் மட்டும் கடப்பா. வேகவைத்த பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும், அதில் தேங்காய், பொட்டுக்கடலை, சோம்பு, கசகசா, பச்சைமிளகாய் அரைத்து ஊற்றி, கொதி வந்ததும் இறக்கி, கடைசியில் எலுமிச்சம்பழம் பிழிவார். குருமா மாதிரி இருக்கும், குருமா கிடையாது. உங்கள் வீடியோவில் அதைக் குருமா என்றே கடைசி வரைக்கும் சொன்னீர்கள். ஒரு தடவை கேட்டிருந்தால் அக்காவே சொல்லியிருப்பார்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

பாத்திரப் பட்டறையில் மெருகு போடும் ஒரு பெரியவர் இருக்கிறார். எழுபது தாண்டியவர், மனைவி தவறிப் பத்து வருடம் ஆகிறது, தனி ஆள். சர்க்கரை வியாதிக்கு அவர் போடும் மாத்திரை சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போடுவது. வருடக்கணக்காக ஆறரைக்கு வீட்டில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு மெதுவாக நடந்து வந்து, ஏழு மணிக்கு நாலு இட்லி சாப்பிடுவார். அவருக்கு என்று ஓர் இடம் உண்டு, சுவரோரம் கடைசி. வீடியோ வந்த வார ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தபோது தெருமுனையிலிருந்து கார்கள். பெஞ்சில் எல்லாம் வெளியூர் ஆட்கள். வாசலில் இன்னும் முப்பது நாற்பது பேர், பாதிப் பேர் கையில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. இவர் யாரையும் இடித்துக்கொண்டு உள்ளே போகிற ஆள் கிடையாது. எதிர்வீட்டுப் படியில் உட்கார்ந்து காத்திருந்திருக்கிறார். நான் ஏழே முக்காலுக்குப் போனேன். சட்டை முதுகோடு ஒட்டிக்கிடக்க, வேர்த்துக் கொட்டிக்கொண்டு, கை நடுங்க உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து என் பெயரைச் சொல்ல வாய் எடுக்கிறார், வரவில்லை. ஓடிப்போய் டீக்கடையில் நாலு ஸ்பூன் சர்க்கரை போட்ட டீயை ஆற்றி வாங்கி வந்து, வாய்க்கு வாய் நானே கொடுத்தேன். பத்துப் பதினைந்து நிமிடத்தில் தெளிந்துவிட்டார். தெளிந்ததும் அவர் சொன்னது, "அக்காவ ஒண்ணும் சொல்லாத, அது என்ன பண்ணும் பாவம்." அன்றைக்கு அவருக்கு இட்லி கிடைக்கவில்லை. எட்டேகாலுக்கு மாவு தீர்ந்துவிட்டது.

அந்தப் படியில் அவர் உட்கார்ந்திருந்ததும் ஒரு வீடியோவில் வருகிறது, தம்பி. கூட்டத்தைக் காட்டக் கேமராவைச் சுற்றியிருக்கிறீர்கள், ஒரு நொடி அவர் தெரிகிறார். நான் அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்.

அடுத்த வாரம் கூட்டம் குறையவில்லை என்று அக்கா மாவை இரண்டு பங்காக்கினார். அவரிடம் இருப்பது அரை எச்.பி. மோட்டார் போட்ட ஒரு பழைய கிரைண்டர். நிறுத்தாமல் ஓட்டினால் அது தாங்காது. சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். வாசலில் நுழையும்போதே வார்னிஷ் கருகிய வாடை, மூடியைக் கழற்றினால் காயில் கரிக்கட்டையாக இருக்கிறது. கல்லுக்குள் பாதி அரைபட்ட உளுந்து. அக்கா ஒன்றும் பேசாமல் அந்த உளுந்தை ஒரு பாத்திரத்தில் வழித்து எடுத்து, உள்ளே போய் ஆட்டுக்கல்லில் போட்டுக் கையாலேயே ஆட்ட ஆரம்பித்தார். நான் பட்டறையில் உட்கார்ந்து விடியவிடியக் காயில் கட்டினேன். அந்த மாவு புளிக்க நேரம் போதவில்லை. சோடா உப்புப் போட்டால் தெரியாது என்று யாரோ சொன்னதற்கு அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. காலையில் இட்லி கல்லு மாதிரி இருந்தது. நூற்றைம்பது கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு வந்தவர்களுக்கு அந்த இட்லிதான் கிடைத்தது, அவர்கள் மேப்பில் ஒரு ஸ்டார் போட்டு எழுதிவிட்டுப் போனார்கள். "ஏமாற்று வேலை" என்று ஒருவர். "கடைக்கார அம்மா முகத்தில் சிரிப்பே இல்லை" என்று இன்னொருவர். அக்காவின் மகள் அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டியிருக்கிறாள். எத்தனையோ வருடமாக நான் அந்த இட்லியைச் சாப்பிடுகிறேன். அது கல்லாக இருந்தது அந்த ஒரு நாள்தான்.

இன்னொன்று, சின்ன விஷயம் என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆவி எழும்புகிற காட்சிக்காக ஒரு தம்பி இட்லிப் பானை மூடியை மூன்று தடவை திறக்கச் சொன்னார். "இன்னும் ஒரு தடவக்கா, லைட் சரியில்ல." பாதி வேக்காட்டில் மூடியைத் திறந்தால் ஆவி போய் இட்லி அமுங்கிவிடும், துணியை விட்டுக் கிளம்பாது. அந்த ஈடு முழுக்க மாட்டுக்குப் போனது. பதினாறு இட்லி. நாலு பேருடைய காலைச் சாப்பாடு. அதற்குக் காசு கொடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை, கேட்க அக்காவுக்கு வாய் வரவில்லை.

போன் நம்பர் வேறு. அது கடை நம்பர் இல்லை, அக்காவின் மகள் காலேஜுக்கு எடுத்துப்போகும் போன். ராத்திரி பதினொரு மணிக்குக் கூப்பிட்டு, சென்னைக்குப் பார்சல் அனுப்புவீர்களா, தங்க ரூம் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். வேறு மாதிரிப் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பெண் இப்போது போனை அணைத்தே வைத்திருக்கிறாள்.

வீடியோ போடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கொரோனாவுக்கு அப்புறம் படுத்துப்போன எத்தனையோ கடைகளை நீங்கள் எழுப்பி உட்கார வைத்தீர்கள், அதை மறக்க மாட்டேன். எனக்கே உங்களால் லாபம் உண்டு. கூத்தாநல்லூர் தம்ரொட்டியை ஒரு வீடியோவில் பார்த்துத்தான் பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். ரவையும் முட்டையும் நெய்யுமாக, மேலே சிவந்து உள்ளே ஈரமாக இருக்கும் அந்தப் பண்டம் இவ்வளவு பக்கத்தில் இருந்தும் ஐம்பது வயது வரைக்கும் எனக்குத் தெரியாது. திருவையாற்று அசோகாவை வாழையிலையில் சுடச்சுட வைத்துத் தருவதைக் காட்டினீர்கள், பாசிப்பருப்பிலா இப்படி ஓர் அல்வா என்று வெளியூர்க்காரர்கள் ஆச்சரியப்பட்டார்கள். அங்கெல்லாம் பெரிய அடுப்பு இருக்கிறது, ஆள் இருக்கிறது, நூறு பேர் கூடுதலாக வந்தால் அவர்களுக்குச் சந்தோஷம். அக்கா கடையில் இருப்பது இரண்டு கை. இந்த வித்தியாசத்தைப் பார்க்கச் சொல்கிறேன்.

"யாருக்கும் தெரியாத கடையைக் கண்டுபிடித்தோம்" என்று தலைப்பு வைத்தீர்கள். எங்கள் மூன்று தெருவுக்கும் அது தெரியும் தம்பி. அங்கே சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த வார்த்தையைக் கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது, இப்போதும் இருக்கிறது.

கோபத்தோடு கோபமாக இதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் வருகிற ஒவ்வொருவரும் தஞ்சாவூர் மராத்தியர் அரண்மனையில்தான் சாம்பார் பிறந்தது என்று, கூடவே நின்று பார்த்தவர் மாதிரிச் சொல்கிறீர்கள். அது வாய்வழியாக வரும் கதை. கதை என்று சொல்லிச் சொல்லுங்கள், அழகாகத்தான் இருக்கிறது. மராத்தியர் இங்கே 1676-லிருந்து 1855 வரைக்கும் ஆண்டார்கள், சரபோஜி காலத்துச் சமையல் குறிப்புகள் சரசுவதி மகால் நூலகத்தில் இருக்கின்றன, வீடியோ எடுக்க வந்த வழியில் ஒரு எட்டுப் போய் விசாரிக்கலாம். அப்புறம், பெரிய ஓட்டல்களில் காசு வாங்கிக்கொண்டு "தற்செயலாக வந்தோம்" என்று சொல்வது. காசு வாங்கினால் விளம்பரம் என்று போட வேண்டும் என ஒன்றிய அரசின் நுகர்வோர் துறை 2023-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டுவிட்டது. எங்களுக்கும் பார்த்தால் தெரியும்.

சரி, நான் கேட்க வந்ததை விட்டு எங்கேயோ போய்விட்டேன்.

கூட்டம் எங்கள் ஊருக்குப் புதிதில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறை மகாமகம், 2016-இல் நடந்தது, அடுத்தது 2028. அதற்கு ரோடு போடுவார்கள், தண்ணீர்த் தொட்டி வைப்பார்கள், எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போக வேண்டும் என்று கயிறு கட்டுவார்கள், மாதக்கணக்கில் ஏற்பாடு நடக்கும். கூட்டம் வருகிறது என்று முன்கூட்டியே தெரிவதால்தான் ஊர் தாங்குகிறது. அக்காவுக்கு ஒரு நாள்கூட முன்னால் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி வீடியோ போட்டீர்கள், சனிக்கிழமை காலையில் வாசலில் ஆள் நிற்கிறது. குறைந்தபட்சம், "அடுத்த வாரம் போடப்போகிறோம் அக்கா" என்று ஒரு போன் செய்திருக்கலாம். இன்னோர் ஆளைக் கூட்டிக்கொண்டிருப்பார், மாவைக் கூட்டியிருப்பார், இல்லையென்றால் வேண்டாம் தம்பி என்றாவது சொல்லியிருப்பார்.

இப்போது அக்கா ஞாயிற்றுக்கிழமை கடை திறப்பதில்லை. வியாழக்கிழமைக் கடப்பாவும் நின்றுவிட்டது, அதைத் தேடித்தான் ஆட்கள் வருகிறார்கள் என்பதால். பெரியவருக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை நாலு இட்லியை அக்காவின் மகள் தூக்குவாளியில் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். மற்றவர்கள் பஸ் ஸ்டாண்டு பக்கம் போய் இரண்டு மடங்கு காசு கொடுத்துச் சாப்பிடுகிறார்கள், இல்லாவிட்டால் டீயும் பன்னுமாக வேலைக்குப் போகிறார்கள்.

அதனால் தயவுசெய்து, மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன். சின்னக் கடைகளை எடுக்கும் முன்னால் கேளுங்கள். என்ன நடக்கும் என்று அவர்களுக்குப் புரியும்படி சொல்லிவிட்டுக் கேளுங்கள். ஒரு நாள் முன்னதாகக் கேமரா இல்லாமல் வந்து சாப்பிட்டுப் பார்த்து, எத்தனை பேருக்குப் போடுகிறார்கள், யார் தினமும் வருகிறார்கள் என்று பார்த்துவிட்டுக் கேளுங்கள். சரி என்றால் நன்றாக எடுங்கள், நானும் பார்ப்பேன்.

அக்கா கடையை எடுத்தவர்களிடம் தனியாக இரண்டு விஷயம் கேட்கிறேன். அந்தப் போன் நம்பரையும் மேப் லிங்கையும் வீடியோவுக்குக் கீழேயிருந்து எடுத்துவிடுங்கள். நேற்றுக்கூடப் பார்த்தேன், இன்னும் அப்படியே இருக்கின்றன. அடுத்த மாதம் அந்தப் பெண்ணுக்குச் செமஸ்டர் பரீட்சை, ஹால் டிக்கெட் மெசேஜ் அந்த நம்பருக்குத்தான் வரும். அதற்கு முன்னால் எடுத்துவிட்டால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
அக்கா கடையில் சாப்பிடும் ஒருவன்,
கும்பகோணம்.