பாப்பாவின் முதல் சாட்டை

டூவூம்பா,
குயின்ஸ்லாந்து.

அன்புள்ள மாப்ளே,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு இரண்டாவது கண்ணிலும் புரை எடுத்தாயிற்று என்று படித்ததும் மனசுக்கு நிம்மதி. இனிமேல் நீ இரண்டு நாள் தாடியோடு வீட்டுக்குள் நுழைந்தால் வாசலிலேயே பிடித்துவிடுவார்கள், ஜாக்கிரதை. இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. மலை மேல் இருக்கிற ஊர் என்பதால் காலையில் முழங்கால் மடங்க அரைமணி நேரம் ஆகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நாலு பக்கம் ஊர்க்கதை எழுதிவிட்டுக் கடைசியில், ஏதோ அரிசி விலை கேட்பதுபோல, "பாப்பாவுக்கு நாடகத்தில் சாட்டை சுழற்றுகிற வேஷமாம், புல்விப் வேண்டுமாம், உங்கள் ஊர்ச் சாமான்தானே, விலை குறைவாக ஒன்று பார்" என்று எழுதியிருக்கிறாய். படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஏன் சிரித்தேன் என்று அவளுக்குத் தெரியும். உனக்குத்தான் தெரியாது, நான் சொன்னதே இல்லை.

நான் இந்த நாட்டுக்கு வந்த மூன்றாவது வருஷம். ஒரு சுற்றுலா ஊரில், தொப்பியும் பூமராங்கும் விற்கிற கடை. சுவரில் பத்தடி நீளத்தில் கறுப்புத் தோல் சாட்டை ஒன்று பாம்பு மாதிரி சுருண்டு தொங்கியது. அறுபது டாலர். திரையில் பழுப்புத் தொப்பி போட்டுக்கொண்டு புதையல் தேடுவாரே அந்தப் பேராசிரியர், அவர் கையில் பார்த்தது போலவே இருந்தது. வாங்கிவிட்டேன். வீட்டுப் பின்பக்கம் போய் ஓங்கி வீசினேன். சத்தம் வரவில்லை. இன்னும் ஓங்கி வீசினேன். அது திரும்பி வந்து என் இடது காதில் ஒரு கோடு போட்டது. அடுத்த நாள் வேலைக்குப் போனபோது பூனை பிராண்டியது என்று சொன்னேன். எங்கள் வீட்டில் பூனை கிடையாது.

ஒரு மாதம் போராடினேன், ஒரு தடவைகூடச் சொடுக்கவில்லை. பக்கத்து வீட்டில் அப்போது ஒரு கிழவர் இருந்தார். இளம் வயதில் மேற்கே மாடு ஓட்டியவர். வேலி மேல் கையை ஊன்றிக்கொண்டு ரொம்ப நாள் என்னை வேடிக்கை பார்த்தவர், ஒருநாள் வந்து சாட்டையை வாங்கி, விரல்களால் அழுத்திப் பார்த்துவிட்டு, "கத்தி இருக்கிறதா?" என்றார். நடுவில் ஒரு கீறு கீறிப் பிரித்தார். உள்ளே சுருட்டிய அட்டையும் முறுக்கிய பழந்துணியும் இருந்தன. மேலே மட்டும் நாலு தோல் வார்களைப் பின்னிவிட்டிருந்தார்கள். "இது சுவருக்குச் செய்த சாட்டை, கைக்குச் செய்தது இல்லை" என்றார்.

அந்தக் கிழவர் சொல்லிக்கொடுத்ததைத்தான் உனக்கு எழுதுகிறேன். பாப்பாவிடம் அப்படியே காட்டு.

முதலில், புல்விப் எங்கள் ஊர்ச் சாமான் என்பது பாதிதான் சரி. இங்கேயும் நன்றாகச் செய்கிறார்கள். ஆனால் இங்கே மாட்டுக்காரர்கள் வைத்திருப்பது ஸ்டாக்விப். அதில் பிடி தனி, சாட்டை தனி. ஒரு சின்னத் தோல் கண்ணிதான் இரண்டையும் சேர்த்து வைத்திருக்கும். பிடியே ஒன்றரை அடி இருக்கும். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் தொடக்க விழாவில் ஒற்றைக் குதிரைக்காரர் வந்து சாட்டையைச் சொடுக்க, பின்னாலேயே 120 குதிரைகள் வந்தனவே, அது ஸ்டாக்விப். புல்விப்பில் பிடி முக்கால் அடி, மிஞ்சினால் ஓரடி. பிடியும் உடம்பும் ஒரே பின்னலாகப் போகும். மாட்டை அடிப்பதற்கு இரண்டையும் பெரும்பாலும் பயன்படுத்துவதில்லை, சத்தத்துக்குத்தான். அதை நம்மூர் வண்டிக்காரரிடமும் சொல்லியிருக்கலாம்.

உள்ளே என்ன இருக்கிறது என்பது ஏன் முக்கியம் என்று கேட்பாய். நம் தெருவுக்கு உறுமியோடு வருவார்களே சாட்டையடிக்காரர்கள், ஞாபகம் இருக்கிறதா? ஒருதடவை அவர் அசந்த நேரத்தில் நீ அந்தக் கயிற்றைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கைப்பக்கம் மலைப்பாம்பு, நுனி சாரைப்பாம்பு" என்றாய். சாட்டையின் மொத்த ரகசியமும் அதுதான். பிடியில் கொடுத்த வேகம் ஒரு வளைவாகச் சாட்டை நெடுக ஓடுகிறது. உடம்பு மெலிய மெலிய, எடை குறையக் குறைய, வளைவின் வேகம் கூடிக்கொண்டே போகிறது. கடைசியில் ஒலியின் வேகத்தையே தாண்டிவிடும், மணிக்கு 1,200 கிலோமீட்டருக்கு மேல். நாம் கேட்கிற 'படார்' நுனி எதன் மேலோ பட்ட சத்தம் இல்லை. போர் விமானம் ஒலியைத் தாண்டும்போது இடிக்கிறதே, அதே இடி, சின்ன அளவில். 1958இலேயே அமெரிக்காவில் இதை அளந்து எழுதிவிட்டார்கள். நுனியின் வேகம் ஒலியைப் போல இரண்டு மடங்கு ஆன பிறகுதான் சத்தம் வருகிறது என்பது மட்டும் புதிராக இருந்தது. 2002இல் அரிசோனா பல்கலைக்கழகத்தில் கோரியலி, மக்மில்லன் என்று இரண்டு கணிதக்காரர்கள் அதற்கும் பதில் சொன்னார்கள்: இடியை உண்டாக்குவது நுனி இல்லை, ஓடிவருகிற அந்த வளைவுதான். நமக்குக் கணக்கு எடுத்த வாத்தியார் இதைச் சொல்லியிருந்தால் நானும் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன்.

ஆக, தடிமன் படிப்படியாக மெலியவேண்டும். அட்டையும் துணியும் அடைத்ததில் அது நடக்காது. வளைவு ஓடிவந்து தொளதொளவென்று இருக்கிற இடத்தில் செத்துப்போகும். நல்ல சாட்டையில் நடுவே ஒரு கனமான கரு இருக்கும். அதன் மேல் ஒரு பின்னல், அதற்கும் மேல் இன்னொரு பின்னல், அப்புறம்தான் நாம் பார்க்கிற மேல்பின்னல். உள்பின்னலை இங்கே 'பெல்லி' என்பார்கள், வயிறு. விற்கிறவரிடம் பாப்பா கேட்கவேண்டிய முதல் கேள்வி, "வயிறு எத்தனை?" இரண்டு என்றால் மேலே பேசலாம். ஒன்று என்றாலும் பழகப் போதும். கேள்வியே புரியாமல் விழித்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

இப்போது காசு. ஒசத்தியான சாட்டை கங்காருத் தோலில் செய்வது. மெல்லியதாகச் சீவினாலும் அறுந்துபோகாத தோல் அது, அதனால் 12, 16 வார்கள் வைத்து நெருக்கமாகப் பின்ன முடிகிறது. கையில் எடுத்தால் கீழே வைக்க மனசு வராது. ஆனால் 600 டாலருக்குக் குறைந்து நல்லது கிடைப்பது கஷ்டம், ஆயிரத்தைத் தாண்டுவதும் உண்டு. பழகுகிற பெண்ணுக்கு அது வேண்டாம். முதல் ஆறு மாதம் சாட்டையைத் தரையில்தான் அடிப்போம். அதோடு உங்கள் சென்னைப் புழுக்கத்தில், அதுவும் ஐப்பசி மழையில், தோல் பூஞ்சை பிடித்துவிடும். எண்ணெய்ப் பசை போட்டுத் துடைத்துப் பிள்ளை மாதிரி பார்க்கவேண்டும்.

அவளுக்கு நைலான் போதும். பாராசூட் கயிறு என்று விற்கிறார்களே, அதன் உள்நூலை உருவிவிட்டால் தட்டையான வார் மாதிரி ஆகிவிடும். அதை வைத்துப் பின்னுகிறார்கள். நைலானுக்குச் சொந்த எடை குறைவு என்பதால் கருவில் இரும்புக் குண்டுமணிகளோ சங்கிலியோ வைத்துக் கனம் கூட்டுவார்கள். மழையில் நனையலாம், சேறு பட்டால் குழாயடியில் கழுவிக் கொடியில் போடலாம். ஒருவர் உட்கார்ந்து கையால் பின்னிய நல்ல நைலான் புல்விப் இங்கே 150 முதல் 250 டாலருக்குள் முடிந்துவிடும். நீ மனசில் வைத்திருக்கிற தொகை அதைவிடக் குறைவு என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் அறுபது டாலருக்கு வாங்கியது என்ன ஆயிற்று என்று மேலே எழுதியிருக்கிறேன், திரும்ப ஒருமுறை படி.

நீளத்தில்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். பெரிசு வாங்கினால் சத்தம் பெரிசாக வரும் என்று ஒரு நினைப்பு. பத்தடிச் சாட்டைக்கு நேரக் கணக்கு மெதுவானது, இடம் நிறைய வேண்டும், தோள் வலிக்கும். பாப்பாவுக்கு ஆறடி. அந்த ஆறடி என்பது பிடியின் அடியிலிருந்து பின்னல் முடிகிற இடம் வரைதான். அதற்கப்புறம் 'ஃபால்' என்று ஒற்றை வார் இரண்டு இரண்டரை அடி தொங்கும். அதன் நுனியில் 'கிராக்கர்' என்று அரையடி நூல் குஞ்சம். ஆகமொத்தம் ஒன்பதடி. கையை நீட்டினால் பன்னிரண்டடி வட்டத்துக்குள் யாரும் நிற்கக்கூடாது. உங்கள் வீட்டு ஹால் எவ்வளவு என்று யோசித்துக்கொள்.

ஒரு ஆசாமி மரப்பிடி வைத்து, பிடி மட்டும் தனியாகச் சுழல்கிற மாதிரி ஒன்றைக் காட்டுவான். வேண்டாம். பிடி சுழன்றால் வளைவு எந்தப் பக்கம் போகிறது என்பது நம் கையில் இல்லை. பிடியைப் படுக்கையாக நீட்டிப் பிடித்துப் பார்க்கச் சொல். உடம்பு அங்கிருந்து மெல்ல வளைந்து இறங்கவேண்டும். பிடி முடிகிற இடத்தில் ஒடிந்தாற்போல் தொங்கினால் அது சாட்டை இல்லை. நிறம் அவள் இஷ்டம். மேடைக்கென்றால் வெளிச்சத்தில் தெரிகிற நிறமாக எடுத்துக்கொள்ளட்டும்.

குஞ்சத்துக்குக் காசு கொடுக்காதீர்கள். கொத்தனார் மட்டம் பார்க்கக் கட்டுகிற நைலான் நூல் ஒரு உருண்டை வாங்கினால் வருஷக்கணக்கில் வரும். இரண்டாக மடித்து முறுக்கி, முடிச்சுப் போட்டு, நுனியை விரித்துவிட வேண்டியதுதான். அது தேயத்தான் செய்யும், தேயவேண்டியதும் அதுதான். குஞ்சம் போனது தெரியாமல் வீசிக்கொண்டிருந்தால் ஃபால் கிழியும், அப்புறம் பின்னலே பிரிய ஆரம்பிக்கும்.

பழகுகிற இடம் பற்றி நீ கேட்கவில்லை, ஆனால் மொட்டைமாடி என்று நினைத்திருப்பாய். சிமென்டுத் தரையில் ஒரு வாரத்தில் நைலான் மயிர் மயிராகப் பிய்ந்துவிடும். கடற்கரையும் வேண்டாம், மணல் பின்னலுக்குள் புகுந்து உள்ளேயிருந்தே அரிக்கும். விடியற்காலையில் புல் இருக்கிற மைதானம் ஏதாவது இருந்தால் நல்லது. முதல் நாள் சத்தம் கேட்டு நடைப்பயிற்சிக்காரர்கள் கூடுவார்கள். யாரையும் வட்டத்துக்குள் விடக்கூடாது, முக்கியமாகக் குழந்தைகளை.

கண்ணுக்குக் கண்ணாடி. வெல்டிங் கடைக்காரர்கள் போடுகிற வெள்ளைப் பாதுகாப்புக் கண்ணாடி போதும். விளிம்பு வைத்த தொப்பி, முழுக்கைச் சட்டை. என் காதைத் தப்பித்து இரண்டு அங்குலம் முன்னால் வந்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை ஒரு கண்ணால் எழுதிக்கொண்டிருப்பேன். இதில் பாப்பா முகம் சுளித்தாலும் நீ விட்டுக்கொடுக்காதே.

இன்னொன்று, இதைக் கிழவர் எனக்குப் புரியவைக்க மூன்று வாரம் ஆயிற்று. நாம் பம்பரம் விட்டு வளர்ந்தவர்கள். கயிற்றை வீசிக் கடைசியில் சுண்டி இழுக்கிற பழக்கம் கையிலேயே இருக்கிறது. சாட்டையில் அந்தச் சுண்டல் கெடுதல். இழுத்தால் நுனி நம் முகத்துக்குத்தான் வரும். சாட்டையை முதுகுப்பக்கம் நேராகக் கிடத்தி, கையைத் தோளுக்கு மேலே கொண்டுவந்து, எதிரே சுவரில் ஆணி அடிக்கிறவன் மாதிரி முன்னால் போட்டு, அங்கேயே நிறுத்திவிடவேண்டும். மிச்சத்தைச் சாட்டை பார்த்துக்கொள்ளும். தலைக்கு மேலே வேண்டாம், உடம்புக்குப் பக்கவாட்டில். பலம் தேவையே இல்லை. பலம் போட்டால் வளைவு கலங்கும். எனக்கு முதல் சொடுக்கு வந்தபோது நான் கிட்டத்தட்ட கையை ஓங்கவே இல்லை. அக்கம்பக்கத்து நாயெல்லாம் குரைத்தது. கிழவர் வேலியோரம் நின்று ஒன்றும் பேசாமல் தொப்பியைத் தூக்கினார்.

நாடகத்தில் எதிரே நிற்கிற பையன் வாயில் சிகரெட் வைத்து அதைத் தட்டிவிடுவது போல ஏதாவது காட்சி இருக்கிறதா என்று கேள். இருந்தால் அந்த இயக்குநரிடம் நான் பேசுகிறேன். ஒரு வருஷத்துக்கு மனுஷன் கிட்டவே வேண்டாம். குச்சியில் செய்தித்தாள் கீற்று மாட்டி வைத்து அடித்துப் பழகட்டும், பார்க்கிறவர்களுக்கு அதுவே பிரமாதமாக இருக்கும்.

நான் தை மாசம் வருகிறேன், டிக்கெட் போட்டாயிற்று. அதனால் நீ அங்கே எதுவும் வாங்காதே. இங்கே எங்கள் ஊருக்குப் பக்கத்தில் நைலானில் பின்னுகிற ஒருவரைத் தெரியும், ஆறேழு வாரம் முன்னாலேயே சொல்லவேண்டும். பாப்பா எந்தக் கைக்காரி, உள்ளங்கை அகலம் எவ்வளவு, என்ன நிறம், மூன்றையும் எழுதச் சொல். கையில் கொண்டுவர முடியாது, பெட்டியில்தான் போடவேண்டும். உங்கள் சுங்கத்துக்காரர் பெட்டியைத் திறந்து என்னை ஏற இறங்கப் பார்ப்பாரே, அதற்கு இப்போதே ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

காசு பேச்சை எடுக்காதே. அம்மாவிடம் சொல்லி மாவடு ஒரு பாட்டில் போட்டு வைக்கச் சொல். சீசன் போயிற்று என்றால் நார்த்தங்காய்.

அன்புடன்,
உன் ஒட்டடைக்குச்சி

பி.கு.: அந்த அறுபது டாலர் சாட்டையை இன்னும் வைத்திருக்கிறேன். தக்காளிச் செடிக்குக் கட்டியிருக்கிறது.