கணினி ஆய்வகத் திருப்பணி: நிறைவு அறிக்கை

முன்னாள் மாணவர் சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் இந்தக் குழுவிடம் ஒப்படைத்த, நம் கல்லூரிக் கணினி ஆய்வகத்தைப் புதுப்பிக்கும் வேலை முடிந்து, பிள்ளைகள் புழங்கத் தொடங்கிவிட்டார்கள். பணம் தந்தவர்களுக்கும், தராவிட்டாலும் வாட்ஸ்அப்பில் விடாமல் கேள்வி கேட்டவர்களுக்கும் கணக்கும் விவரமும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

லேபில் இருப்பவை 40 கணினிகள். அவற்றில் 36 இன்டெலின் நான்காம் தலைமுறை ஐ3 பிராசஸர் கொண்ட பழைய ரகம். நான்கு மட்டும் பின்னால் வாங்கியவை. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு நின்றுபோனது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற வேண்டுமென்றால், இன்டெல் வகையில் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத பிராசஸரும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். நம் 36-உம் அந்தப் பந்தியில் உட்கார முடியாது. "மொத்தத்தையும் தூக்கிவிட்டுப் புதிதாக வாங்குங்கள்" என்று சிலர் சொன்னது நல்லெண்ணத்தில்தான். ஆனால் அதற்கு வந்த விலைப்பட்டியல் நம் வசூலைப் போல் பல மடங்கு.

கழற்றிப் பார்த்தபோது ஒன்று தெளிவானது. பிராசஸர் நன்றாகவே இருக்கிறது. வேகத்தை இழுத்துப் பிடித்தது பழைய ஹார்ட் டிஸ்க். சுவிட்சைப் போட்டுவிட்டு வருகைப்பதிவு எடுத்து முடித்தாலும் திரை வந்திருக்காது. ஆகவே ஒவ்வொன்றிலும் அதற்குப் பதிலாக வேகமான 256 ஜிபி எஸ்எஸ்டி டிஸ்க் ஒன்று, கூடுதலாக 4 ஜிபி ரேம் ஒன்று. கணினிக்கு 2,400 ரூபாய் ஆனது. இப்போது பிள்ளைகள் பை வைத்து உட்காருவதற்குள் திரை தயார்.

எஸ்எஸ்டி விஷயத்தில் ஒரு கசப்பும் நடந்தது. முதலில் வந்த பெட்டியில் சீல் பிரிக்காத நிலையிலேயே சில பழைய சரக்கு. டிஸ்க் தன் உழைப்பைத் தானே குறித்து வைக்கும் 'ஸ்மார்ட்' கணக்கை எடுத்துப் பார்த்தால், 'புதிய' டிஸ்க் ஆயிரக்கணக்கான மணி நேரம் ஏற்கெனவே ஓடியிருக்கிறது. கடைக்காரர் மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார். அந்த மௌனமே பதிலாக இருந்தது. உங்கள் அலுவலகத்துக்கு வாங்கும்போதும் பில்லில் கையெழுத்துப் போடுமுன் அந்தக் கணக்கைப் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, "ரிப்பேர்" என்று மூலையில் ஒதுக்கி வைத்திருந்த கணினிகள். கரண்ட் போய் வந்தால் கறுப்புத் திரையில் நின்று எஃப்1 அழுத்தச் சொல்லும். அதைப் பார்த்ததும் பிள்ளைகள் பக்கத்து இடத்துக்கு நகர்ந்துவிடுவார்கள். மதர்போர்டில் நேரத்தையும் அமைப்புகளையும் நினைவில் வைக்க உதவும் பொத்தான் பேட்டரி தீர்ந்துபோனதுதான் நோய். கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கிற சிஆர்2032. அதை மாற்றியதும் எல்லாம் எழுந்து உட்கார்ந்தன.

அந்த 36-இலும் விண்டோஸுக்குப் பதிலாக, இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் 22-இன் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு போட்டிருக்கிறோம். உபுண்டு 24.04 என்ற இன்னொரு லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். "சிடாக்கின் பாஸ் லினக்ஸ் இருக்கிறதே" என்று, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனம் தயாரித்த லினக்ஸைச் சொல்லி, மூத்த அண்ணன் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி, அரசு மடிக்கணினியில் அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நம்மில் பலர். லேப் உதவியாளருக்குப் பழகியது மின்ட். பழுது வந்தால் நிற்கப்போவது அவர்தான் என்பதால் அவர் சொல்லே முடிவானது. ஒரு கணினியை முழுதாகத் தயார் செய்து, குளோன்ஜில்லா என்ற மென்பொருளால் மற்றவற்றில் பிரதி எடுத்தோம். அப்டேட் கோப்புகளை ஒரே கணினி இறக்கி வைத்துக்கொண்டு மற்ற 35-க்கும் கொடுக்கும். இல்லையென்றால் கல்லூரி இணையம் திங்கட்கிழமை காலையில் படுத்துவிடும்.

பொருள் மாற்றியதெல்லாம் எளிது. உண்மையான வேலை பழக்கத்தை மாற்றுவதில் இருந்தது. 1990களின் தொடக்கத்தில் போர்லண்ட் வெளியிட்ட டர்போ சி++ கம்பைலரில்தான், பழைய டாஸ் மென்பொருளை ஓட்டும் டாஸ்பாக்ஸுக்குள் நீலத் திரையாக, இதுவரை நம் சி பாடம் நடந்துவந்தது. நாமும் அதில் படித்தவர்கள்தானே. லினக்ஸில் உள்ள ஜிசிசி கம்பைலருக்கு மாறிய முதல் வகுப்பில் எல்லாருடைய திரையிலும் ஒரே பிழை: கோனியோ.எச் என்ற கோப்பு இல்லை. அது டாஸ் காலத்துச் சரக்கு. அதைச் சேர்க்கும் வரியையும், திரையைத் துடைக்கும் கிளியர் ஸ்கிரீனையும், விசை அழுத்தும்வரை காத்திருக்கக் கடைசியில் வரும் கெட்சிஎச்சையும் எடுத்துவிட்டால் பெரும்பாலான நிரல்கள் ஓடிவிடுகின்றன. சி++-இல் 'இன்ட் மெயின்' என்பதற்குப் பதிலாக 'வாய்டு மெயின்' என்று எழுதினால் மன்னிப்பே கிடையாது, பிழை என்று நிறுத்திவிடும்.

ஃபேக்டோரியல், அதாவது 1 முதல் கொடுத்த எண் வரை எல்லாவற்றையும் பெருக்கும் பயிற்சியில் ஒரு வேடிக்கை. ரெக்கார்டில் எல்லாரும் 5 கொடுத்து 120 என்று எழுதி நிறுத்திவிடுவதால் பல ஆண்டுகளாக யார் கண்ணிலும் படாதது. டர்போ சி-யில் முழு எண்ணுக்கான இன்ட் 16 பிட்தான், 32767-க்கு மேல் தாங்காது. 8 கொடுத்தால் மைனஸ் 25216 வரும். இன்ட் 32 பிட்டாக உள்ள ஜிசிசியில் 40320 என்று சரியாக வந்ததும் ஒரு மாணவி ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே போனார். 12 வரை சரி. 13-க்கு 1932053504 வந்தது. கைக்கணக்கில் 6,22,70,20,800. 32 பிட்டும் ஓரிடத்தில் நிரம்பி வழியும் என்று பாடத்தில் இருப்பதை அன்றைக்கு வகுப்பே கண்ணால் பார்த்தது. துறைத் தலைவர் அம்மா அதை லேப் மேனுவலில் தனிப் பயிற்சியாகவே சேர்த்துவிட்டார். மேனுவல் முழுவதையும் திருத்தி எழுதிய இளநிலை ஆசிரியர்களுக்குச் சங்கத்தின் தனி நன்றி. இந்தத் திருப்பணியில் பெரிய உழைப்பு அவர்களுடையது.

வணிகவியல் துறைக்கு டாலி என்ற கணக்கு மென்பொருள் வேண்டும், அது லினக்ஸில் நேரடியாக ஓடாது. இதில் வீம்பு பிடிக்கவில்லை. புதிய நான்கு கணினிகளும் விண்டோஸ் 11-உடன் அவர்களுக்கே. பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் பிள்ளைகள் நாளை வேலைக்குப் போகிற ஆடிட்டர் அலுவலகத்தில் டாலிதான் இருக்கிறது. தமிழ்த்துறையினருக்குத் தமிழ்99 தட்டச்சு எல்லாக் கணினியிலும் உண்டு. பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்து வைத்த பழைய கட்டுரைகளை யுனிகோடுக்கு மாற்றும் வேலை மட்டும் இன்னும் பாக்கி.

வரவு 1,60,000 ரூபாய். எஸ்எஸ்டி, ரேம் 86,400. யுபிஎஸ் பேட்டரிகள் 32,000. நெட்வொர்க் சுவிட்சும் கேபிளும் 14,000. கீபோர்டு, மவுஸ் 9,600. சில்லறைச் செலவு 4,100. ஆக மொத்தம் 1,46,100. கையிருப்பு 13,900 ரூபாய் சங்கக் கணக்கில் இருக்கிறது. பில்கள் பொருளாளரிடம் உள்ளன. எந்த உறுப்பினரும் பார்க்கலாம்.

கழற்றிய ஹார்ட் டிஸ்குகளில் மதிப்பெண் பட்டியல், மாணவர் விவரம் எல்லாம் இருந்ததால், முழுதும் அழித்த பிறகே மின்னணுவியல் துறைக்குக் கொடுத்தோம். கையிருப்பை உதிரி எஸ்எஸ்டிகளுக்கு வைத்துக்கொள்வதா, ஒரு புரொஜெக்டர் வாங்குவதா என்பதை அடுத்த பொதுக்குழு முடிவு செய்யட்டும். குழுவின் பரிந்துரை உதிரிப் பொருளுக்குத்தான்.

இப்படிக்கு,
கணினி ஆய்வகப் பணிக்குழு
முன்னாள் மாணவர் சங்கம்