கதவு சாத்திப் பேச ஓர் அறை: நம் ஊர் நகரத்தார் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

சிவமயம்

மதிப்பிற்குரிய சங்கத் தலைவர் அண்ணன் அவர்களுக்கும், காரியக் கமிட்டி அண்ணன் தம்பிகளுக்கும், மேலத்தெரு ஆச்சி எழுதுவது.

என் மகன் சேதி உங்கள் எல்லோருக்கும் தெரியும். அமெரிக்காவில் அவன் வேலை பார்த்த ஊரில் நடந்த துப்பாக்கிச் சூடு, பக்கத்தில் நின்ற பையன் அப்படியே போய்ச் சேர்ந்தது, இவன் தோளில் காயத்தோடு தப்பியது எல்லாம் நீங்கள் விசாரித்து அறிந்தவைதான். அவன் வந்து இறங்கிய அன்றைக்கு எங்கள் வாசலில் வந்து நின்றீர்கள். செலவுக்கு வேண்டுமா என்று கேட்டீர்கள். அதை நாங்கள் மறக்கவில்லை.

ஆனால் வைகாசித் திருவிழாவில் நடந்ததைப் பற்றி இதுவரை யாரும் வாய் திறக்கவில்லை. அதனால் நான் திறக்கிறேன். அவனுக்குச் சால்வை போடப் போகிறோம் என்றீர்கள். வேண்டாம் என்று அவன் அப்பச்சி (அப்பா) இரண்டு தடவை சொன்னார்கள். உயிர் பிழைத்து வந்த பிள்ளை, சாமி முன்னால் ஒரு மரியாதை செய்யக் கூடாதா என்றீர்கள். சரி என்று அழைத்து வந்தோம். சால்வை தோளில் விழுந்த நேரம் பார்த்து, பத்தடி தள்ளிப் பத்தாயிரம் வாலாவைக் கொளுத்தினார்கள். என் மகனுக்கு வயது 33. பக்கத்தில் நின்ற நாதஸ்வரக்காரரைக் கீழே இழுத்துப் போட்டு, அவர் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டான். வெடி ஓய்ந்த பிறகும் அவரை விடவில்லை. பிள்ளைகள் சிரித்தார்கள். போனில் படம் எடுத்த பெரியவர்களும் உண்டு.

மறுநாள் அந்த நாதஸ்வரக்காரர் வீட்டுக்கு மன்னிப்புக் கேட்கப் போனேன். அவருக்கு முழங்கை சிராய்த்திருந்தது. "ஆச்சி, தம்பி என்னைப் பெத்த பிள்ளை மாதிரி பொத்திக்கிட்டாரு, இதுக்கு எதுக்கு மன்னிப்பு" என்றார். ஊரில் அவர் ஒருவருக்காவது புரிந்ததே என்று அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டு வந்தேன். அன்றிலிருந்து என் மகன் முகப்பைத் தாண்டி வருவதில்லை.

ஆடி மாதப் பொதுக்குழுவில் அவன் அப்பச்சி ஒரு மனு கொடுத்தார்கள். நம் திருமண மண்டபத்து மாடியில் இருக்கும் மணமகன் அறையை, முகூர்த்தம் இல்லாத ஏதாவது ஒரு கிழமையில், வாரம் ஒரு நாள் மனநல ஆலோசனைக்குக் கொடுக்க வேண்டும். ஆலோசகரை அனுப்பச் சொல்லி அரசின் மாவட்ட மனநலத் திட்டத்துக்குச் சங்கத்தின் பெயரில் ஒரு கடிதம் எழுத வேண்டும். கேட்டது இவ்வளவுதான். பணம் ஒரு பைசா கேட்கவில்லை. "அது வீட்டு விஷயம், மதுரையில் நல்ல டாக்டராகப் பாருங்கள்" என்று பதில் வந்தது. பைத்தியம் பார்க்கிற இடம் என்று பெயர் வந்துவிட்டால் மண்டபத்தில் கல்யாணம் நடக்குமா என்று ஒருவர் கேட்டாராம். அடுத்ததாக ஊர் எல்லையில் அலங்கார வளைவு கட்டும் தீர்மானம் வந்திருக்கிறது. ஐந்து நிமிடத்தில் கைதட்டி முடித்துவிட்டீர்கள்.

மதுரைக்கு மாதம் ஒரு தடவை போய்க்கொண்டுதான் இருக்கிறோம். மருந்து தருகிறார்கள், அக்கறையாகத்தான் பார்க்கிறார்கள். ஆனால் மருந்து மட்டும் போதாது, வாராவாரம் ஒருவரிடம் உட்கார்ந்து பேச வேண்டும் என்று சொல்பவர்களும் அவர்கள்தான். வழியில் லாரி டயர் ஒன்று வெடித்தால் அன்றைக்கு வந்த காரியம் கெட்டது. வாராவாரம் எப்படிக் கூட்டிப் போவது?

போனில் பேசலாமே என்பீர்கள். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற மனநல ஆலோசனைச் சேவை 2022 அக்டோபரிலிருந்து நடக்கிறது. இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். நல்ல சேவை, இதைப் படிக்கும் யாருக்கும் தேவைப்பட்டால் கூப்பிடுங்கள். என் மகனும் கூப்பிட்டான். எங்கே நின்று பேசுவது என்பதுதான் அவனுக்குத் தெரியவில்லை.

நம் வீடுகள் உங்களுக்குத் தெரியாததா? முன் தெருவில் வாசல், பின் தெருவில் கொல்லை. நடு முற்றமான வளவைச் சுற்றி அத்தனை அறை. ஒவ்வொரு அறையும் ஒரு பங்காளிக்கு. பூட்டு இங்கே தொங்குகிறது, சாவி சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறது. எங்கள் பங்குக்கு உள்ள ஒரே அறையில் சாமானும் பெட்டகமும் போக ஒரு கட்டில் கிடக்கிறது. அதிலிருந்து பேசினால் வளவு முழுக்கக் கேட்கும். கூடத்துப் பட்டாலையில் பேசினால் தெருவுக்கே கேட்கும். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் அவன் இரண்டாம் கட்டைத் தாண்டி, கொல்லைக் கிணற்றடியில் நின்று, வாயைக் கையால் மூடிக்கொண்டு பேசினான். அடுத்த வீட்டில் விளக்கு எரிந்தது. வைத்துவிட்டான். அப்புறம் கூப்பிடவே இல்லை. ஆயிரம் சன்னல் வீடு என்று வெளியூர்க்காரர்கள் படம் எடுக்க வரும் சீமையில், என் பிள்ளை அழுவதற்கு ஒரு கதவு இல்லை.

அதனால்தான் அந்த மணமகன் அறையைக் கேட்கிறேன். அதற்குக் கதவு இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். துக்கம் விசாரிக்க வருவது நம் வழக்கம், அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் வருகிற ஒவ்வொருவரும் "எப்படி நடந்தது, எத்தனை குண்டு, ரத்தம் நிறையப் போச்சா" என்று முதலிலிருந்து சொல்லச் சொல்கிறீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2011இல் உளவியல் முதலுதவிக்கு ஒரு கையேடு போட்டது. நடந்ததைச் சொல்லும்படி யாரையும் வற்புறுத்தக் கூடாது, அவராகச் சொன்னால் கேளுங்கள், என்ன தேவை என்று பாருங்கள், உதவி கிடைக்கும் இடத்தோடு சேர்த்துவிடுங்கள் என்பதுதான் அதன் சாரம். பெண் ஒருத்தி தினமும் வந்து, ஒன்றும் கேட்காமல், அவன் பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துவிட்டுப் போகிறாள். அவளோடு மட்டும்தான் அவன் பேசுகிறான்.

2017 அக்டோபர் 1 அன்று லாஸ் வேகஸ் இசை விழாவில் சுட்டார்களே, காயத்தால் பின்னால் இறந்தவர்களையும் சேர்த்து 60 பேர் போனார்கள். அந்த மாதம் முடிவதற்குள் அங்கே ஒரு மீட்பு மையம் திறந்துவிட்டார்கள். ஆலோசனை, இழப்பீட்டுப் படிவம், சட்ட உதவி எல்லாம் ஒரே இடத்தில். விழாவுக்கு வந்தவர்களில் நிறையப் பேர் கலிபோர்னியாக்காரர்கள், மறுநாளே ஊர் திரும்பியவர்கள். உதவியும் அவரவர் ஊர் வரைக்கும் போக வேண்டியிருந்தது. என் மகன் திரும்பி வந்த ஊர் இது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கான இழப்பீட்டுத் திட்டம் இருக்கிறது, ஆலோசனைச் செலவுக்கும் அதில் கேட்கலாம். கெடு இருக்கிறது, படிவம் நீளம். நம் பிள்ளைகளில் அமெரிக்காவில் இருப்பவர்கள் யாராவது கூட உட்கார்ந்து நிரப்பித் தரச் சங்கம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

என் ஐயா (தாத்தா) ரங்கூனில் நம்மவர் வட்டிக்கடையில் பெட்டியடி வேலையில் இருந்தார்கள். 1941 டிசம்பர் 23 அன்று அங்கே குண்டு விழுந்தது. அதற்கப்புறம் கூட்டத்தோடு கூட்டமாக நடந்தே வந்து ஊர் சேர்ந்தார்கள். நான் சிறுமியாக இருந்தபோதும், வானத்தில் விமானச் சத்தம் கேட்டால் கையில் இருக்கிற காப்பியை வைத்துவிட்டுப் படிக்கட்டுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். "ஐயாவுக்குக் கிறுக்கு" என்று நாங்கள் விளையாடுவோம். பர்மாவில் போன நிலம், கடன் பத்திரம் எல்லாவற்றுக்கும் நம்மவர்கள் கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். ஐயா வழியில் என்ன பார்த்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. சாகிற வரை அந்தப் படிக்கட்டுக்கு அடியில்தான். என் மகனுக்கும் அதே இடத்தைக் காட்டப் போகிறோமா?

கோபமாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்க் கூட்டத்தில் பெண்கள் எழுந்து பேசும் வழக்கம் இல்லை. இருந்திருந்தால் இதையெல்லாம் அன்றைக்கே நேரில் சொல்லியிருப்பேன், மடல் எழுதத் தேவை இருந்திருக்காது. பிள்ளை பெற்றவர்களை உட்காரவைத்துப் பேசவிடாத கூட்டத்தில் பிள்ளைகளைப் பற்றி என்னத்தை முடிவு செய்வது? சரி, அது வேறு வழக்கு. இப்போது கேட்பது அறை.

என் மகனுக்கு மட்டும் கேட்கவில்லை. போன வருஷம் விபத்தில் மகனைப் பறிகொடுத்த பூக்காரம்மா, குடிகாரப் புருஷனிடம் அடிபடும் சமையல்காரப் பெண், பரீட்சையில் தோற்றுத் தூக்கம் வராமல் சுற்றும் பையன், எல்லோரும் அந்தப் படி ஏறட்டும். நம் புள்ளி (நம் சங்கத்துக் குடும்பம்), பிற சாதி என்று பார்க்காமல் திறந்துவிடுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தில் மனநல மருத்துவரும் உளவியலாளரும் இருக்கிறார்கள், வெளியே வந்து பார்ப்பதும் அவர்கள் வேலையில் சேர்ந்ததுதான். உங்கள் கடிதம் போக வேண்டும், அவ்வளவுதான். தீபாவளிக்கு முன்னால் போனால் பெரிய உபகாரம். எங்கள் தெருவில் அதிர்வேட்டு மட்டும் வேண்டாம் என்றும் தயவுசெய்து ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

வரும் கூட்டத்தில் இதை முதல் தீர்மானமாக எடுத்துக்கொள்ளும்படி தாழ்மையோடு கேட்டுக்கொள்கிறேன். வாரம் ஒரு நாள், அந்த அறை. பெருக்கித் துடைக்க நானே வருகிறேன். உள்தாழ்ப்பாள் சரியாக விழவில்லை என்று மண்டபத்துக் காவல்காரர் சொன்னார். ஆசாரியிடம் சொல்லிவைத்திருக்கிறேன், நீங்கள் சாவி கொடுத்த அன்றைக்கே வந்து மாட்டித் தருவார்.

இப்படிக்கு,
மேலத்தெரு ஆச்சி