லிஸ்ப்பில் பட்டியல் மட்டும்தானா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு மலரின் கணினிப் பகுதியில், லிஸ்ப் என்ற நிரல்மொழியில் பட்டியலைத் தவிர வேறு தரவு வகை (தரவுகளை இனம் பிரித்து வைக்கும் முறை) கிடையாது என்று எழுதியிருந்தார்கள். 1958-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஜான் மெக்கார்த்தி அந்த மொழியைத் தொடங்கிய காலத்துக்கு அது ஓரளவு பொருந்தலாம். ஆனால் 1963-லேயே டிமோத்தி ஹார்ட் அதற்குள் மேக்ரோவை, அதாவது நிரலை எழுதித் தரும் நிரலைக் கொண்டுவந்துவிட்டார். 1994-இல் தரப்படுத்தப்பட்ட காமன் லிஸ்ப் என்ற லிஸ்ப் வடிவத்தில் வேண்டிய வகையை நாமே வரையறுத்துக்கொள்ளலாம். நானே வரையறுத்து வைத்திருக்கிறேன்.

நான் கணினி படித்தவன் அல்லன். மலேசியாவில் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் 32 ஆண்டுகள் கிராணியாக (கணக்கெழுதுபவனாக) இருந்தவன். செக்ரோல் என்ற தொழிலாளர் வருகைப் பதிவேட்டை எழுதி எழுதி நடுவிரலில் விழுந்த காய்ப்பு இன்னும் போகவில்லை. தோட்டம் இப்போது செம்பனையாகிவிட்டது. பேத்தி விட்டுச்சென்ற பழைய மடிக்கணினியில்தான் லிஸ்ப் பழகுகிறேன். பழகுவதற்கு எடுத்துக்கொண்டது என் பழைய ரப்பர் பால் கணக்கு.

அந்தக் கணக்கில் ஒருநாள் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஒருவர் கொண்டுவந்த பால் 18 கிலோ, அதில் உலர் ரப்பர் 35 விழுக்காடு. பெருக்கினால் 6.3 கிலோ. நான் அவசரத்தில் 35-ஐ எடைக் கட்டத்திலும் 18-ஐ விழுக்காட்டுக் கட்டத்திலும் எழுதிவிட்டேன். அப்போதும் விடை 6.3தான்! சம்பளக் கணக்கில் தவறு தெரியவே இல்லை. மாலையில் லாரியில் ஏற்றிய பாலின் மொத்த எடையோடு புத்தகம் 17 கிலோ இடித்தபோதுதான் விழித்தேன். வெறும் எண்களாக எழுதி வைத்தால் இதுதான் கதி. எடைக்கும் விழுக்காட்டுக்கும் வேறுபாடு கிராணிக்குத் தெரியும், காகிதத்துக்குத் தெரியாது.

லிஸ்ப்பில் 'டெஃப்டைப்' என்பதைக் கொண்டு, உலர்விழுக்காடு என்றால் 25 முதல் 45 வரையிலான எண் என்று ஒரே வரியில் எழுதிவிட்டேன். (0 முதல் 100 வரை என்றுதான் முதலில் வைத்தேன். அன்றைய 18 அதற்குள் நுழைந்துவிடும் என்பது பிறகுதான் உறைத்தது.) அடுத்து 'டெஃப்ஸ்ட்ரக்ட்'. பதிவேட்டுக்குக் கோடு போட்டுக் கொடுக்கும் ஆள் என்று அதைச் சொல்வேன். 'பால்' என்ற பெயரையும் எண், எடை, விழுக்காடு என்ற கட்டங்களையும் கொடுத்தால், புதிய பதிவை உண்டாக்கும் சார்பு (ஒரு வேலையைச் செய்து விடை தரும் நிரல் துண்டு), இது பால் பதிவுதானா என்று பார்க்கும் சார்பு, ஒவ்வொரு கட்டத்தையும் படிக்கும் சார்பு எல்லாவற்றையும் தானே எழுதிவிடுகிறது. பெயர்களைத் தமிழிலேயே வைத்தேன். 'பால்-எடை' என்று கேட்டால் எடை வருகிறது.

இந்த டெஃப்ஸ்ட்ரக்டே ஒரு மேக்ரோதான். சாதாரணச் சார்புக்கு மதிப்புகள்தான் போய்ச் சேரும். மேக்ரோவிடம் நாம் எழுதிய நிரல்வரி கணக்கிடப்படாமல் அப்படியே போகும். அதைப் பிரித்துப் பார்த்து, அதன் இடத்தில் வேறு நிரலை அது எழுதித் தரும். இப்படிப் பிரிக்க முடிவதற்குக் காரணம், லிஸ்ப் நிரல் என்பதே ஒரு பட்டியலாக இருப்பது. கட்டுரையாளர் குறையாகச் சொன்ன பட்டியலால்தான் புதிய வகைகளே பிறக்கின்றன.

ஒரு குறை உண்டு. டெஃப்ஸ்ட்ரக்டில் கட்டத்தின் வகையைக் குறித்தாலும், அதைச் சோதித்தே ஆக வேண்டும் என்று மொழியின் தரநிலை வற்புறுத்துவதில்லை. அதனால் 'பதிவேடு' என்று சொந்தமாக ஒரு மேக்ரோ எழுதினேன். கட்டங்களையும் வகைகளையும் கொடுத்தால், டெஃப்ஸ்ட்ரக்டையும் ஒவ்வொரு கட்டத்துக்குமான சோதனையையும் சேர்த்தே எழுதித் தரும். 18 விழுக்காடு என்று இட்டால் இப்போது அங்கேயே நின்று, சரியான மதிப்பைக் கேட்கிறது.

இதில் பட்ட அடியையும் மறைக்கக் கூடாது. முதலில் பதிவு எழுதும் வேலையையும் மேக்ரோவாகவே செய்து வைத்தேன். பதிவு எண் போடும் இடத்தில், எண்ணை ஒன்று கூட்டித் தரும் வரியைக் கொடுத்தேன். முதல் பதிவுக்கு 2 என்று விழுந்தது, அடுத்ததற்கு 4, அதற்கடுத்து 6. எவனோ ஒன்றுவிட்டு ஒன்று ரசீதைக் கிழித்துப் போகிறான் என்பதுபோல இருந்தது! இரண்டு இரவு போயிற்று. மேக்ரோ மதிப்பை வாங்கவில்லை, வரியை வாங்கியது. சோதிக்கும் இடத்தில் ஒருமுறை, எழுதும் இடத்தில் ஒருமுறை என்று அதே வரியை இருமுறை ஒட்டிவிட்டது. பிறகு வகையை வரையறுப்பதை மட்டும் மேக்ரோவிடம் விட்டு, பதிவு எழுதுவதை அது உண்டாக்கித் தரும் சாதாரணச் சார்புக்கு மாற்றினேன். சார்பு வரியை ஒரே முறை கணக்கிட்டு வாங்கிக்கொள்கிறது. எண்கள் 1, 2, 3 என்று ஒழுங்காக வருகின்றன.

கணினிப் பகுதியில் அந்த வரியைத் திருத்தி வெளியிடும்போது, இந்த 2, 4, 6 கதைக்கும் கொஞ்சம் இடம் ஒதுக்கினால் புதிதாகப் பழகும் பிள்ளைகளுக்கு இரண்டு இரவு மிஞ்சும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி,
சுங்கை சிப்புட், பேராக்.