சிராம்பியடி மஞ்சாப் பாடல்களைப் பதிவு செய்து, ஊரிலேயே படிப்பிக்க உதவுமாறு கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியை,
புத்தளம்.

பெறுநர்:
பணிப்பாளர் அவர்கள்,
கலாசார அலுவல்கள் திணைக்களம்,
பத்தரமுல்லை.

ஊடாக:
மாவட்டச் செயலாளர் அவர்கள்,
மாவட்டச் செயலகம், புத்தளம்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மணி,

புத்தளத்தில் தமிழ்மொழிப் பாடசாலைகளில் முப்பது வருஷத்துக்கு மேல் சங்கீதம் படிப்பித்து ஓய்வுபெற்றவள் நான். ஓய்வுபெற்ற ஆசிரியை மனு எழுதினால் அது பென்ஷனைப் பற்றித்தான் இருக்கும் என்று கடிதத்தைக் கணக்குப் பிரிவுக்கு அனுப்பிவிட வேண்டாம். இது பாட்டைப் பற்றிய மனு.

கோரிக்கை இதுதான். எங்கள் நகரத்துக்குப் பக்கத்தில் சிராம்பியடியில் வாழும் ஆபிரிக்க வம்சாவளி மக்கள் பாடிவரும் மஞ்சாப் பாடல்களைத் திணைக்களம் முழுமையாகப் பதிவு செய்ய வேண்டும். அவற்றைப் பாடத் தெரிந்த பெரியவர்களை ஆசிரியர்களாக ஏற்று, அதற்குரிய கொடுப்பனவு கொடுத்து, ஊர்ப் பிள்ளைகளுக்கு அங்கேயே படிப்பிக்க வழிசெய்ய வேண்டும். மிச்சம் எல்லாம் இது ஏன் அவசரம் என்பதற்கான விளக்கம்.

மஞ்சாவைக் கேட்டிராதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு சின்ன அடி, சில வேளை இரண்டு அடி, அவ்வளவுதான் பாட்டு. அதையே திரும்பத் திரும்பப் பாடுவார்கள். தொடக்கத்தில் தாலாட்டைப் போல மெதுவாகப் போகும். ஒருவர் எழுந்து கையையும் இடுப்பையும் லேசாக அசைப்பார். பிறகு தாளம் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு பிடிக்கும், இருந்தவர்களும் எழும்புவார்கள், கடைசியில் ஆடுகிறவரின் கால் எது, நிலம் எது என்று தெரியாத வேகத்தில் போய், கத்தரித்தது போல நிற்கும். வாத்தியங்கள் என்று பார்த்தால் ரபான் என்ற ஒருமுகத் தோல் மேளம் ஒன்று, இரண்டு சிரட்டை, கரண்டியால் தட்டுகிற கண்ணாடிப் போத்தல், ஒரு உலோகப் பாத்திரம். அடுப்படியில் இருப்பதை எடுத்து வந்து இவர்கள் பின்னும் தாளத்தை என் மாணவர்களிடம் மிருதங்கத்தில் வாசித்துக் காட்டச் சொன்னேன். வேகம் மாறுகிற இடத்தில் எல்லோரும் தடுக்கி விழுந்தார்கள். நான் அதை ஸ்வரப்படுத்தி எழுதப் பார்த்ததும் உண்டு. ஸ்வரம் வந்தது, மஞ்சா வரவில்லை. இதை எழுதிவைத்துக் காப்பாற்ற முடியாது, பாடுகிறவர் பக்கத்தில் இருந்து பிடிக்க வேண்டும் என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

சில வருஷங்களுக்கு முன் ஒரு விழாவுக்கு இவர்களை அழைத்திருந்தார்கள். எந்த விழா, யார் நடத்தியது என்பது இங்கே தேவையில்லை. ஒரு நடனத்துக்கும் பரிசளிப்புக்கும் இடையில் பத்து நிமிஷம் கொடுத்தார்கள். அறிவிப்பாளர், நம் ஊர்களில் பிள்ளைகளை ஏசுவதற்குப் பயன்படுத்தும் ஒரு சொல்லைச் சொல்லி அவர்களை மேடைக்குக் கூப்பிட்டார். கூட்டம் சிரித்தது. பாட்டு மெதுவாகத் தொடங்கி, சூடு பிடிக்கிற நேரத்தில் ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டார்கள். பிரதம விருந்தினர் வந்துவிட்டாராம். மஞ்சாவை அந்த இடத்தில் நிறுத்துவது, பொங்கல் பொங்கி வரும்போது பானையை இறக்குகிற மாதிரி. அப்புறம் ஆளுக்கொரு சோற்றுப் பார்சல், ஒரு நன்றி, பஸ். அவர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பழகிப் போயிருக்க வேண்டும். எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை, ஏனென்றால் அந்தக் கூட்டத்தில் சிரித்தவர்களில் நான் படிப்பித்த பிள்ளைகளும் இருந்தார்கள்.

அவர்களை வேடிக்கைப் பொருளாகக் கூப்பிடுவதற்குப் பழகியிருக்கிறோம். இந்தத் தீவின் சரித்திரத்தில் அவர்களுக்கு உள்ள இடத்தைப் பாடசாலையில் நாம் சொல்லிக் கொடுப்பதில்லை. 1344இல் பயணி இப்னு பதூதா இலங்கைக்கு வந்து இறங்கிய பத்தாலா என்ற இடம் எங்கள் புத்தளம்தான் என்று ஆய்வாளர்கள் சொல்வதையும், அங்கே அவர் யாழ்ப்பாண மன்னர் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்ததையும் இங்கே எல்லோரும் பெருமையாகச் சொல்வோம். அதே பயணக் குறிப்பில், கொழும்பில் ஜலஸ்தி என்பவரிடம் ஐந்நூறு அளவில் அபிசீனியர்கள் இருந்ததாக அவர் எழுதியிருப்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. ஐரோப்பியக் கப்பல்கள் இந்தக் கடலைக் காணும் முன்பே ஆபிரிக்கர்கள் இங்கே இருந்திருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு வந்தவர்களின் கதை கசப்பானது. போர்த்துக்கேயர் மொசாம்பிக் பக்கமிருந்து ஆட்களைக் கொண்டுவந்து போரிலும் வேலையிலும் ஈடுபடுத்தினார்கள். ஒல்லாந்தர் காலத்தில் கொழும்பில் அடிமைகளை இரவில் அடைத்து வைத்த இடம்தான் இன்றைய கொம்பனித்தெரு; ஆங்கிலத்தில் அந்த இடத்துக்கு அடிமைகளின் தீவு என்றே பெயர் நிலைத்தது. ஆங்கிலேயர் வந்த பிறகு, பிரெடெரிக் நோர்த் ஆளுநராக இருந்தபோது, போர்த்துக்கேயரின் கோவாவில் ஆபிரிக்கர்களை விலைக்கு வாங்கிப் படைப்பிரிவில் சேர்த்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் அந்தப் படை கலைந்தபோது புத்தளத்தில் இருந்த சிப்பாய்கள் ஊர் திரும்பவில்லை. திரும்புவதற்கு எந்த ஊர்? அவர்கள் இங்கேயே குடியேறினார்கள், இங்கேயே பெண் எடுத்தார்கள், கொடுத்தார்கள். சிராம்பியடியில் இன்று இருப்பவர்கள் அந்த வழி வந்தவர்கள்.

இந்தச் சின்னச் சமூகம் நாட்டுக்குக் கொடுத்ததற்கு ஒரு உதாரணம் போதும். சிங்களம், தமிழ், முஸ்லிம், பறங்கியர் என்று எந்தக் கலியாண வீடானாலும் கடைசியில் எல்லோரும் ஆடுவது பைலாதான். போர்த்துக்கேய மொழியில் நடனமாடு என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்த பெயர். அதன் தாய் வேர்களில் ஒன்று கப்ரிஞ்ஞா என்ற ஆட்டப் பாட்டு. அந்தப் பெயருக்குள்ளேயே, இந்தச் சமூகத்தைக் குறிக்கும் காபிர் என்ற சொல் உட்கார்ந்திருக்கிறது. 1940களில் வொலி பஸ்தியான் சிங்களச் சொற்களை வைத்துப் பாடியதிலிருந்து பைலா நாடெங்கும் பரவியது. பின்னர் 1970களின் தமிழ்ப் பொப் பாடல்களும் அந்தத் தாளத்தில்தான் துள்ளின. எங்கள் சங்கீதக் கணக்கில் அது மூன்று மூன்றாக எண்ணுகிற திஸ்ர நடை: தகிட, தகிட. கடன் வாங்கியவர்கள் எல்லோரும் பணக்காரர் ஆகிவிட்டோம். கடன் கொடுத்தவர் வீட்டில் ஒரு ரபானுக்குத் தோல் மாற்றக் காசில்லை.

இனி அவசரத்தைச் சொல்கிறேன். மஞ்சாவின் சொற்கள் இலங்கைப் போர்த்துக்கேயக் கிரியோலில், அதாவது போர்த்துக்கேயமும் உள்ளூர் மொழிகளும் கலந்து பிறந்த மொழியில் உள்ளவை. சிராம்பியடியில் வீட்டு மொழி இப்போது சிங்களம். கிரியோலைச் சரளமாகப் பேசிய தலைமுறை போய்விட்டது. பாடுகிறவர்களுக்குப் பாட்டு தெரியும், மெட்டு தெரியும், எந்த இடத்தில் வேகம் கூட்ட வேண்டும் என்பது தெரியும். சில வரிகளுக்குப் பொருள் தெரியாது. இது கடலைப் பற்றியது, இது காதல், இது மாதாவைப் பற்றியது என்று மேலோட்டமாகச் சொல்வார்கள். சமஸ்கிருதமோ தெலுங்கோ தெரியாமல் கீர்த்தனை பாடுகிற எங்களுக்கு இதைக் குறை சொல்ல வாயில்லை. ஆனால் எங்களுக்குப் புத்தகம் இருக்கிறது. அவர்களுக்கு அந்தப் பெரியவர்களின் தொண்டை மட்டும்தான் இருக்கிறது.

இதற்கு ஒரு வழி இருக்கிறது, அதனால்தான் நான் தமிழில் இந்த மனுவை எழுதுகிறேன். அதே கிரியோலை இன்னும் வீட்டில் பேசுகிறவர்கள் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் உள்ள, போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியர். அவர்களுக்கு வெளியில் புழங்கும் மொழி தமிழ். லிஸ்பன் பல்கலைக்கழக மொழியியலாளர் ஹியூகோ கார்டோசோ தலைமையில் ஒரு குழு அந்தப் பகுதிகளில் இந்த மொழியை ஒலி, ஒளிப் பதிவாகச் சேகரித்திருக்கிறது. ஆபிரிக்க இலங்கையரின் வரலாற்றையும் பாடல்களையும் பற்றி ஆய்வாளர் ஷிஹான் டி சில்வா ஜயசூரிய பல காலமாக எழுதி வருகிறார். ஆகவே ஒன்றுமில்லாத இடத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை. மட்டக்களப்பிலிருந்து கிரியோல் தெரிந்த இரண்டு பேர் சிராம்பியடிக்கு வந்து ஒரு வாரம் தங்கினால், பாட்டு வரிகளுக்குத் தமிழில் பொருள் கிடைக்கும். அதைச் சிங்களத்தில் எழுதப் புத்தளத்தில் ஆயிரம் பேர் இருக்கிறோம். ஆபிரிக்காவிலிருந்து வந்தவர்களின் ஒரு பாட்டு, போர்த்துக்கேயக் கிரியோலில் தங்கி, தமிழ் வழியாகச் சிங்களத்தில் தன் பேரப்பிள்ளைகளுக்கு விளங்கப் போகிறது. இந்த நாட்டில்தான் இப்படியெல்லாம் நடக்கும்.

செய்ய வேண்டிய வேலையை நான் இப்படி நினைக்கிறேன். முதலில் பதிவு. ஸ்டூடியோவுக்குக் கூட்டிப் போக வேண்டாம். கொழும்பு குளிரூட்டி அறையில் மஞ்சா எழும்பாது. ஊரிலேயே, இரவில், அவர்கள் வழக்கமாகக் கூடி இருக்கிற மாதிரி இருக்கும்போது, நேரம் பார்க்காமல் பதிய வேண்டும். ஒரு பாட்டு நாற்பது நிமிஷம் போனால் நாற்பது நிமிஷமும் வேண்டும். பதிவின் ஒரு பிரதி கட்டாயம் ஊரில் இருக்க வேண்டும். இதுவரை கமெராவோடு வந்தவர்கள் பலர். எடுத்ததைத் திரும்பக் கொண்டுவந்து காட்டியவர்கள் குறைவு என்று அங்கே சொல்கிறார்கள். பாட்டின் உரிமை அந்தச் சமூகத்துக்குத்தான் என்பது எழுத்தில் இருக்க வேண்டும், பதிவை யாரும் விளம்பரத்துக்கோ படத்துக்கோ எடுத்தால் அவர்களைக் கேட்டு, அவர்களுக்குக் கொடுத்து எடுக்க வேண்டும்.

இரண்டாவது வகுப்பு. மாதத்தில் இரண்டு ஞாயிறு போதும். படிப்பிக்கிற நாலைந்து பேருக்கு, திணைக்களம் மற்றக் கலை வகுப்புகளின் வளவாளர்களுக்குக் கொடுக்கும் அதே கொடுப்பனவைக் கொடுத்தால் போதும். கல்வித் தகைமைச் சான்றிதழ் கேட்டுத் தயவுசெய்து அவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டாம். எனக்குச் சங்கீதத்தில் சான்றிதழ் இருக்கிறது. மஞ்சா பாட வராது. அவர்களிடம் சான்றிதழ் இல்லை, பாட வருகிறது. யார் தகைமையுள்ளவர் என்பதை நீங்களே பாருங்கள். ஒரு ரபானும் ஒரு தோலக்கும் வாங்கிக் கொடுங்கள். சிரட்டையும் போத்தலும் அவர்களே கொண்டு வருவார்கள்.

மூன்றாவது, தேசியப் பட்டியல். தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபைக் காப்பதற்கான யுனெஸ்கோவின் 2003ஆம் ஆண்டு உடன்படிக்கையை இலங்கை 2008இல் ஏற்றது. தன் நாட்டில் உள்ள அப்படியான மரபுகளைச் சம்பந்தப்பட்ட சமூகங்களோடு சேர்ந்து பட்டியலிடுவதாக அதில் ஒப்புக்கொண்டிருக்கிறோம். ரூகட நாட்டியப் பொம்மலாட்டம் 2018இலும் தும்பறைப் பாய் நெசவு 2021இலும் யுனெஸ்கோ பட்டியலுக்குப் போயின. நல்ல விஷயம். மஞ்சா பாரிஸ் வரை போகட்டும் என்று இப்போது கேட்கவில்லை. நம் நாட்டுப் பட்டியலில் அதற்கு ஒரு வரி கேட்கிறேன். 2012ஆம் ஆண்டுத் தொகைமதிப்பு அட்டவணையில் இவர்கள் 'ஏனையோர்' என்ற கட்டத்துக்குள் போனார்கள். கலைப் பட்டியலிலும் 'ஏனையவை' ஆகிவிடக் கூடாது.

கடைசியாக ஒரு சொல். தங்களைக் காபிர் என்று அவர்களில் பலர் தாங்களே சொல்கிறார்கள், அதில் வெட்கம் எதுவும் இல்லை. ஆனால் தென்னாபிரிக்காவில் அதே சொல் மிக மோசமான வசை. தமிழில் அதிலிருந்து பிறந்த ஒரு சொல் நம் வாயில் என்ன பாடுபடுகிறது என்பதை மேலே சொல்லிவிட்டேன். ஆகவே அறிவித்தல், அழைப்பிதழ், கடிதம் எதிலும் எந்தப் பெயரைப் போடுவது என்று அவர்களிடமே கேட்டுப் போடுமாறு உத்தியோகத்தர்களுக்கு அறிவுறுத்த வேண்டும். இதற்கு ஒரு ரூபாயும் செலவில்லை.

இந்த மனுவை நான் அவர்களுடைய பிரதிநிதியாக எழுதவில்லை. பக்கத்து ஊர்க்காரியாக, அவர்கள் பாட்டைக் கேட்டுக் கடன்பட்டவளாக எழுதுகிறேன். ஆகவே நான் கேட்டதை அப்படியே நிறைவேற்றிவிடாமல், உங்கள் கலாசார உத்தியோகத்தர் ஒருவரை அனுப்பி அவர்களோடு உட்கார்ந்து பேசச் சொல்லுங்கள். இதில் அவர்கள் வேண்டாம் என்று சொல்வதை வெட்டிவிடுங்கள். நான் எழுத மறந்ததை அவர்கள் சொன்னால் சேர்த்துக்கொள்ளுங்கள். சிங்களத்தில் பேசக் கூடியவராக அனுப்பினால் நல்லது. ஞாயிற்றுக்கிழமை காலை வந்தால், பூசை முடிந்து ஆட்கள் வீட்டில் இருப்பார்கள். வருகிறவர் பின்னேர பஸ்ஸைப் பிடிக்க அவசரப்படாமல், இரவு தங்கும் ஆயத்தத்தோடு வரட்டும். பத்து நிமிஷத்தில் முடிகிற பாட்டு அல்ல.

மாவட்டச் செயலகத்தை எங்கள் ஊரில் இன்னும் கச்சேரி என்றுதான் சொல்வோம். பதிவு வேலை முடிந்ததும் அந்தக் கச்சேரி மண்டபத்திலேயே, இடையில் யாரும் ஒலிபெருக்கியை நிறுத்தாமல், சிராம்பியடிக்காரர்களின் ஒரு முழுக் கச்சேரி வைக்க அனுமதி தருமாறு மாவட்டச் செயலாளர் அவர்களையும் இத்தால் கேட்டுக்கொள்கிறேன். கதிரை அடுக்கவும் தேநீர் கொடுக்கவும் என் பழைய மாணவர்களைக் கூட்டி வருவது என் பொறுப்பு. அன்றைக்குச் சிரித்தவர்களைத்தான் முதலில் கூப்பிடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியை,
புத்தளம்.

பிரதி: பிரதேச செயலாளர், புத்தளம்.