வளர்த்தவனை விட்டு முத்து விலகும் இடம்

அன்புத் தம்பிக்கு,

நாவல் பிரதி முழுவதையும் படித்துவிட்டேன். பத்தொன்பதாம் அத்தியாயத்தில் முத்து மனம் மாறுவது நம்பும்படி இருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். இப்போது இருக்கிறபடி நம்ப முடியவில்லை. ஆனால் அந்த அத்தியாயத்தில் கை வைக்க வேண்டாம். கோளாறு அதற்கு முந்திய பதினெட்டு அத்தியாயங்களிலும் இருக்கிறது. தோட்டத்துக் கதை எழுதுகிற மற்றவர்களுக்கும் இதே இடத்தில்தான் கால் இடறுகிறது என்பதால் பொதுவிலேயே எழுதுகிறேன்.

படிக்காதவர்களுக்குக் கதை இதுதான். மலாயாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம், வருஷம் 1959. முதலாளி தோட்டத்தைத் துண்டு போட்டு விற்கிறான். லயத்தை, அதாவது தொழிலாளிகளின் வரிசை வீடுகளைக் காலி செய்யச் சம்மதம் என்று ஆட்களிடம் கைநாட்டு வாங்குகிற வேலை, ஆட்களை மேய்க்கிற பெரிய கங்காணிக்கு. அவர் எடுத்து வளர்த்த அனாதைப் பிள்ளை முத்து. ராத்திரியில் தாளும் மையுமாக லயத்துக்குப் போகிறான். அங்கே ஒரு கிழவி, “உங்கப்பன் ஆத்தா பேரைச் சயாம் ரயிலுக்கு எழுதிக் குடுத்ததே இந்தக் கங்காணிதான்” என்கிறாள். ஜப்பான்காரன் போர்க்காலத்தில் தோட்டத்து ஆட்களைக் கொண்டுபோய்ப் போட்ட சாவு ரயில் பாதை அது. முத்து தாள்களைக் கிழித்துப் போடுகிறான். மறுநாள் முதல் அவன் தொழிலாளிகளின் ஆள்.

கிழவி சொன்ன உண்மை பெரியதுதான். ஆனால் பிறப்பு ரகசியம் தெரிந்ததும் ஒருவன் பக்கம் மாறிவிடுவான் என்பது நம் கதைகளில் செல்லாத கணக்கு. பாரதத்தில் கர்ணனுக்குக் கண்ணன் வந்து பிறப்பைச் சொல்கிறான், குந்தியும் வந்து சொல்கிறாள். அவன் துரியோதனனை விடவில்லை. அருச்சுனனைத் தவிர மற்ற நால்வரைக் கொல்லமாட்டேன் என்ற ஒரு வாக்கை மட்டும் கொடுக்கிறான். கம்பனில் விபீடணன் நேரில் வந்து அழைக்கிறான். கும்பகர்ணனுக்கு அண்ணன் செய்தது தப்பு என்று தெரியும், சபையிலேயே சொன்னவன். என்றாலும், நெடுநாள் வளர்த்துப் போர்க்கோலம் செய்துவிட்டவனுக்கு உயிரைக் கொடுக்காமல் அங்கே வரமாட்டேன் என்று தம்பியை மட்டும் அனுப்பிவிடுகிறான். சோறு போட்டவனை விடுவது எவ்வளவு கஷ்டம் என்று இந்த இரண்டு பேரும் நம் வாசகர்களுக்குச் சொல்லிக்கொடுத்து வெகு காலமாயிற்று. முத்து அரைப் பக்கத்தில் அதைத் தாண்டிப் போனால் எப்படி ஒப்புவார்கள்?

தாண்டிப் போனவன் விபீடணன். ஆனால் அவன் வெளியேறுவதற்கு முன்னால் நடந்ததைப் பாருங்கள். அனுமனைக் கொல் என்று இராவணன் சொன்னபோதே, தூதனைக் கொல்வது முறையில்லை என்று தடுத்தவன். பிறகு ஆலோசனைச் சபையில் பேசினான், கேட்கவில்லை. பிரகலாதன் கதையைச் சொன்னான், அதற்கும் கேட்கவில்லை. இராவணன் விரட்டிய பிறகுதான் கிளம்பினான். கிளம்பிய நேரம் ஒரு நொடியாக இருக்கலாம். அதற்கான வேலை காண்டம் தாண்டி நடந்திருக்கிறது.

உங்கள் பதினெட்டு அத்தியாயத்தில் முத்து ஒரு இடத்தில்கூடத் தயங்கவில்லை. கங்காணி சொன்னதைச் செய்கிறான், சிரிக்கிறான், தூங்குகிறான். குறைந்தது மூன்று கீறல் வேண்டும். மூன்றும் சின்னதாக, முத்துவுக்கே கீறல் என்று தெரியாததாக இருக்க வேண்டும். அதற்கான இடத்தை நீங்களே கட்டி வைத்திருக்கிறீர்கள்: அவன் ஸ்டோரில் ரப்பர் பால் நிறுக்கும் இடத்தில் எடுபிடியாக நிற்கிறான். அந்தத் திருட்டை “எடையில் ஏமாற்றினார்கள்” என்று ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். அங்கேதான் கதை இருக்கிறது.

அந்தத் திருட்டுக்குத் தராசைத் தொடவே வேண்டாம். பாலில் ரப்பர் எவ்வளவு என்று பார்க்க மெட்ரோலாக் கண்ணாடியை மிதக்க விடுவார்கள். ஒரு பங்கு பாலுக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து, வருகிற அளவை மூன்றால் பெருக்க வேண்டும். தண்ணீரை மூன்று பங்காக ஊற்றிவிட்டு, பெருக்குவதை மட்டும் மூன்றாகவே வைத்தால் போதும். நூறு பவுண்டு பாலில் 33 பவுண்டு ரப்பர் இருந்தால் கணக்கில் ஏறக்குறைய 25 தான் வரும். எட்டு பவுண்டு போன இடம் தெரியாது. வாளியோடு நிற்கிற பெண்ணுக்கு மிதக்கிற கண்ணாடியைப் படிக்கத் தெரியாது. முத்துவுக்குத் தெரியும், கங்காணி கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்த முதல் தொழில் அது.

ஏழாம் அத்தியாயத்தில் இதை முழுக்கக் காட்டுங்கள். குவளை, தண்ணீர், நுரை அடங்கக் காத்திருக்கிற நேரம், முத்து சத்தமாக எண்ணைச் சொல்வது. அவன் தன் கைத்திறமையில் பெருமைப்படட்டும். பாவம் என்ற நினைப்பே வேண்டாம். பன்னிரண்டாம் அத்தியாயத்தில் அதே குவளை, அதே கிழவி. மழையில் இரண்டு நாள் பால்வெட்டு இல்லை, அவள் வாளியில் பால் பாதிதான். முத்து இரண்டு பங்கு தண்ணீரோடு நிறுத்திவிடுகிறான். ஏன் என்று நீங்கள் விளக்க வேண்டாம். கங்காணி அதைப் பார்க்கிறார், திட்டவில்லை. சாயங்காலம் கடையிலிருந்து அவனுக்குப் பிடித்த ரொட்டியை வாங்கி வந்து பக்கத்தில் உட்காருகிறார். பதினாறில் அவனே அவரிடம் ஒரு வார்த்தை கேட்கட்டும். கைநாட்டைப் பற்றி இருக்கலாம், எங்கே போவார்கள் இவர்கள் என்று. பதில் வராது, அல்லது அறை விழும். இதன் பிறகு பத்தொன்பதில் கிழவி வாயைத் திறந்தால், அவள் சொன்னது கடைசித் துளி என்று வாசகர் தானே புரிந்துகொள்வார். கிழிக்கிற காட்சியில் ஒரு சொல்கூட மாற்ற வேண்டியிருக்காது.

கங்காணியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவர் முத்துவை ஒரு இடத்திலும் நேசிப்பதாக நீங்கள் எழுதவில்லை. அடியும் ஏச்சுமாகவே வளர்க்கிறார். அப்படி வளர்ந்தவன் விலகுவதில் என்ன கஷ்டம்? எந்த வாசகருக்கும் அவன் எப்போது போவான் என்றுதான் தோன்றும். அந்த ரொட்டியைப் போல நிஜமான பாசம் நான்கைந்து இடத்தில் வேண்டும். ஆள் கேட்டு ஜப்பான்காரன் வந்தபோது பேர் எழுதிக் கொடுத்த அதே மனிதர், அனாதையாக நின்ற குழந்தையைத் தூக்கி வந்து தன் தட்டில் சோறு ஊட்டியிருக்கிறார். குற்ற உணர்ச்சியா, ஆசையா என்று அவருக்கே தெரியாமல் இருக்கட்டும். இதை எழுதிவிட்டால் நாவல் முத்துவுடையது மட்டுமாக இருக்காது.

மாறிய பிறகு வருகிற நான்கு அத்தியாயமும் ரொம்ப எளிதாகப் போகின்றன. மறுநாள் காலை வேலைக்கு ஆள் கூடுகிற பெரட்டிலேயே லயமே அவனை ஏற்றுக்கொள்கிறது. விபீடணன் வந்தபோது சுக்ரீவன் சேர்க்கக்கூடாது என்றான். அனுமன் பரிந்து பேச வேண்டியிருந்தது. முத்துவிடம் வருஷக்கணக்கில் எட்டு எட்டு பவுண்டாக இழந்தவர்கள் அவனுக்குக் கதவைத் திறப்பார்களா? அவனுக்குப் பரிந்து பேச ஒருவரைக் கொடுங்கள், கிழவியாகவே இருக்கலாம். அவனும் தான் செய்த திருட்டைத் தன் வாயால், தண்ணீர்க் கணக்கோடு, எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். அழுகை வேண்டாம். கேட்பவர்களில் ஒருவராவது கடைசி வரை மன்னிக்காமல் இருக்கட்டும். வளர்ப்பும் ஒரே ராத்திரியில் உதிராது: மிரட்டலாகப் பேசுகிற பழக்கம், ஆளை எடை போடுகிற பார்வை, கோபத்தில் கங்காணியின் வசவு அப்படியே வாயில் வருவது, இவையெல்லாம் கடைசி அத்தியாயத்திலும் இருக்க வேண்டும்.

பள்ளிக்கூட வாத்தியார் மகளை எடுத்துவிடுங்கள். அவள் வருகிற இடமெல்லாம் முத்து அவளுக்காகத்தான் திருந்தினான் என்று ஆகிவிடுகிறது.

வருஷக் கணக்கில் இரண்டு தப்பு. சயாம் ரயில் பாதைக்கு ஆள் போனது 1942, 43-ல். 1959-ல் முத்துவுக்குப் பதினெட்டு என்கிறீர்கள். அப்படியானால் பெற்றோர் போனபோது அவனுக்கு ஒன்றோ இரண்டோ வயது, ஆனால் அம்மா லாரியில் ஏறியதை அவன் நினைவுகூர்கிறான். இன்னொன்று, கடைசியில் ஆட்கள், தோட்டங்களை வாங்குவதற்காக அமைச்சர் சம்பந்தன் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு சேருகிறார்கள். அந்தத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் 1960-ல்தான் வந்தது. கதையை 1961-க்குத் தள்ளி, முத்துவுக்கு இருபத்திரண்டு அல்லது இருபத்து மூன்று வயது என்று வைத்தால் இரண்டும் சேர்ந்து சரியாகிவிடும். லாரியை அவன் நாலு வயதில் பார்த்ததாக ஆகும், முகம் மங்கலாகவும் சேலை நிறம் பளிச்சென்றும் நினைவிருப்பது அந்த வயதுக்குப் பொருந்தும்.

ஏழையும் பன்னிரண்டையும் முதலில் எழுதி அனுப்புங்கள். பதினாறை அவை இரண்டும் நின்ற பிறகு எழுதலாம், அந்தக் கேள்வி எந்த வார்த்தையில் வரும் என்பது அப்போதுதான் தெரியும்.

அன்புடன்,
அண்ணன்
சுங்கை சிப்புட்